படிக்கட்டு வரை போய்த் திரும்பிவிடுகிறேன்

வணக்கம் அம்மா.

எனக்கு 41 வயது. 14 ஆண்டுகளாகக் குடிக்கிறேன். இப்போதெல்லாம் காலையில் கை நடுக்கம் நிற்பதற்கே கொஞ்சம் தேவைப்படுகிறது. நானாக நான்கு முறை நிறுத்திப் பார்த்தேன். அதிகபட்சம் 19 நாட்கள் தாக்குப்பிடித்தேன்.

குடியை விட நினைப்பவர்கள் ஒன்றுகூடிப் பேசும் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டம் எங்கே நடக்கிறது என்று என் மனைவிதான் விசாரித்து, ஒரு தாளில் எழுதி என் சட்டைப் பையில் வைத்தாள். மூன்று வாரமாகப் போகிறேன், படிக்கட்டு வரைக்கும். போன வாரம் பாதிப் படி ஏறிவிட்டேன். உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. பத்துப் பேராவது சேர்ந்து சிரித்திருப்பார்கள். அதற்கு மேல் கால் எழவில்லை. குடும்பத்தையே அழ வைத்தவன் அந்தச் சிரிப்புக்கு நடுவில் எப்படிப் போய் உட்காருவது? இறங்கி வந்துவிட்டேன். “எப்படி இருந்தது?” என்று அவள் கேட்டாள். “நன்றாக இருந்தது” என்றேன். மூன்று வாரமாக அதே பொய்.

தெரிந்தவர்கள் யாராவது இருந்துவிட்டால்? எழுந்து பேசச் சொன்னால்? கடவுளைப் பற்றிப் பேசுவார்களாம், எனக்கு அந்த நம்பிக்கையும் கிடையாது. முதலில் ஒரு மாதம் நானே நிறுத்திவிட்டு, கொஞ்சம் மனிதனாகப் போய் நிற்கலாம் என்று நினைக்கிறேன். சரிதானா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

*

அன்புள்ள தம்பிக்கு,

சரியில்லை. அதில் உங்கள் உயிருக்கே ஆபத்து இருப்பதால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். காலையில் கை நடுங்கும் அளவுக்கு உடல் மதுவுக்குப் பழகிவிட்ட பிறகு, திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாட்களில் கடும் மனக்குழப்பம், இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரிவது என்று முற்றிப்போகவும் கூடும். இந்த வாரமே ஒரு மருத்துவரைப் பாருங்கள். எவ்வளவு குடிக்கிறீர்கள் என்பதைக் குறைக்காமல் சொல்லுங்கள். அந்த முதல் சில நாட்களைப் பாதுகாப்பாகக் கடக்க மருந்து இருக்கிறது. கூட்டத்தில் அந்தச் சிகிச்சை கிடைக்காது. ஆனால், சிகிச்சை முடியட்டும் என்று கூட்டத்தைத் தள்ளிப்போடவும் வேண்டாம்.

ஒரு மாதம் நிறுத்திக் காட்டிவிட்டுப் போக வேண்டும் என்று யார் சொன்னார்கள்? ஏ.ஏ.வில் சேர ஒரே தகுதிதான் கேட்கிறார்கள்: குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம். படிக்கட்டு வரை மூன்று முறை போன உங்களிடம் அது இருக்கிறது. அந்த அமைப்பு தொடங்கிய கதையையே பாருங்கள். 1935 மே மாதம், அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், குடியை விட்டுச் சில மாதங்களே ஆன பில் வில்சனுக்கு மறுபடி குடித்துவிடுவோமோ என்ற பயம் வந்தது. தன்னைப் போல இன்னொருவரிடம் பேசினால் தப்பிக்கலாம் என்று தேடியபோது கிடைத்தவர் பாப் ஸ்மித் என்ற மருத்துவர். கால் மணி நேரம்தான் என்று சொல்லி வந்தவர், மணிக்கணக்கில் பேசிக்கொண்டிருந்தார். அப்படியும் சில வாரங்களில் பாப் மீண்டும் குடித்தார். அவருடைய கடைசிக் குடி அந்த ஜூன் 10 என்பது அமைப்பின் வரலாற்றிலேயே பதிவாகியிருக்கிறது. அந்த நாளைத்தான் தங்கள் தொடக்க நாளாக வைத்திருக்கிறார்கள். தவறி விழுந்தவரை ஏற்காத இடமாக இருந்தால் அதைத் தொடங்கிய இருவரில் ஒருவரான பாபுக்கே அங்கே இடமிருந்திருக்காது.

அந்தச் சிரிப்புக்கு வருகிறேன். வெளியார் வரக்கூடிய திறந்த கூட்டங்களில் கடைசி வரிசையில் உட்கார்ந்து பலமுறை கேட்டிருக்கிறேன். ஒருவர், பாட்டிலை எங்கெல்லாம் ஒளித்தேன் என்று சொல்லிக்கொண்டே வருவார்: பழைய ஷூவுக்குள், புத்தக அலமாரிக்குப் பின்னால். கடைசியில் ஒளித்த இடம் மறந்துபோய் விடிய விடியத் தேடினேன் என்பார். அறையே சிரிக்கும். அங்கே உட்கார்ந்திருக்கிற ஒவ்வொருவரும் அப்படித் தேடியவர்கள். அதே மனிதர் அடுத்து, அந்த இரவில் விழித்துக்கொண்ட தன் மகள் விளக்கைப் போட்டுவிட்டு ஒன்றும் பேசாமல் நின்றதைச் சொல்வார். அப்போது ஒரு நாற்காலி கூட அசையாது. நீங்கள் படியில் நின்று கேட்டது இதில் பாதி மட்டும்தான்.

தெரிந்தவர் இருந்தால், அவரும் அதே காரணத்துக்காகத்தான் வந்திருப்பார். அங்கே முழுப் பெயர் கேட்க மாட்டார்கள், கட்டணம் கிடையாது. பேச வேண்டிய முறை வந்தால் “இன்று கேட்க மட்டும் வந்தேன்” என்று சொல்லிவிடலாம். கடவுள் விஷயத்தில், குடியிலிருந்து மீள அவர்கள் பின்பற்றும் ‘பன்னிரண்டு படிகள்’ என்ற வழிமுறையிலேயே ‘அவரவர் புரிந்துகொண்ட வகையில்’ என்றுதான் இருக்கிறது. நம்பிக்கையில்லாமலே பல ஆண்டுகள் போய்வருபவர்கள் உண்டு. அதுவும் உறுத்தினால், சமயச் சார்பில்லாத ஸ்மார்ட் ரெகவரி போன்ற குழுக்கள் இணையவழியிலும் கூடுகின்றன. ஒரு குழு ஒத்துவரவில்லை என்றால் இன்னொன்றுக்குப் போங்கள். ஒவ்வொரு அறைக்கும் ஒவ்வொரு குணம்.

உங்கள் மனைவியிடம் இன்றைக்கே உண்மையைச் சொல்லிவிடுங்கள். மூன்று வாரம் பொய் சொன்னதற்கு அவர் கோபப்படலாம், அதற்கு அவருக்கு உரிமை உண்டு. அவரைப் போன்ற குடும்பத்தினருக்காகவே 1951 முதல் அல்-அனான் என்ற தனி அமைப்பு இருக்கிறது. உங்களுக்காக முகவரி விசாரித்துத் தந்தவர் தனக்காக எதையும் விசாரித்திருக்க மாட்டார். அதை நீங்கள் விசாரித்து எழுதிக் கொடுங்கள்.

அடுத்த வாரம் பத்து நிமிடம் முன்னதாகப் போய்விடுங்கள், அந்தச் சிரிப்பு தொடங்குவதற்கு முன்பே. அந்த நேரத்தில் பெரும்பாலும் யாராவது ஒருவர் நாற்காலிகளை எடுத்துப் போட்டுக்கொண்டிருப்பார். ஒன்றும் சொல்ல வேண்டாம், மறுபக்கத்து வரிசையை நீங்கள் போடுங்கள்.