மணக்கும் ஹைப்ரிட் டீ ரோஜா: கோலாலம்பூர், பினாங்கு வீடுகளுக்கான கேள்வி பதில்

ஹைப்ரிட் டீ என்பது ஒரு காம்புக்கு ஒரு பெரிய பூ விடும் கலப்பின ரோஜா வகை. ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துப் பதில் சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் இருப்பது கேட்டவரின் ஊர். அளவுகள் எல்லாம் நம் சமவெளி வெயிலுக்கும் மழைக்கும் உரியவை. மலையில் வளர்ப்பவர்களுக்கு இவை பொருந்தாது.

செந்தூல்: அக்கா, கேமரன் மலையில் வாங்கிவந்த ரோஜா இரண்டே வாரத்தில் இலையெல்லாம் கொட்டிவிடுகிறது. மூன்று செடி போய்விட்டது. இந்த ஊரில் ரோஜா வராதா?

வரும்மா. கேமரன் மலை ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம். அங்கே இரவுக் குளிரில் வளர்ந்த இலை, இரவிலும் 24 பாகை செல்சியஸை ஒட்டியே நிற்கிற ஊருக்கு வந்தால் உதிரத்தான் செய்யும். இலை உதிர்ந்ததால் செடி செத்துவிடாது. அதைப் பார்த்துப் பயந்து நாம் செய்கிற மூன்று காரியம்தான் கொல்கிறது. வந்த அன்றே பெரிய தொட்டிக்கு மாற்றுகிறோம், உச்சி வெயிலில் வைக்கிறோம், வாடுகிறதே என்று காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றுகிறோம். இலையில்லாத செடி தண்ணீரை உறிஞ்சாது, வேர் அழுகிவிடும்.

முதல் பத்து நாள் வெளிச்சமான நிழலில், வந்த பையிலேயே இருக்கட்டும். பூவையும் மொட்டையும் கிள்ளிவிடுங்கள். விரலை ஓர் அங்குலம் மண்ணில் விட்டுப் பாருங்கள், காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். புதுத் துளிர் ஒரு விரல் நீளம் வந்த பிறகு, வேர்க்கட்டியை உடைக்காமல் தொட்டி மாற்றுங்கள். வெயிலையும் நாளுக்கு ஒரு மணி நேரமாகக் கூட்டுங்கள்.

செராஸ்: நல்ல மணமுள்ள ரகம் எது? நர்சரியில் எல்லாவற்றையும் "வாசனை ரோஜா" என்றே சொல்கிறார்கள்.

பெயர் தெரிந்து வாங்க முடிந்தால் டபுள் டிலைட், மிஸ்டர் லிங்கன், ஃபிராகிரன்ட் கிளவுட் மூன்றையும் தேடுங்கள். டபுள் டிலைட் 1977இல் வந்தது. வெண்ணெய் நிறப் பூ, ஓரத்தில் செம்பழச் சிவப்பு, மசாலா கலந்த மணம். அந்தச் சிவப்பு வெயில் பட்டால்தான் ஏறும். நிழலில் வைத்துவிட்டு "வேறு செடியைத் தந்து ஏமாற்றிவிட்டார்கள்" என்று கடைக்காரரிடம் கோபப்பட வேண்டாம். மிஸ்டர் லிங்கன் 1964ஆம் ஆண்டு ரகம். கருஞ்சிவப்பு, பன்னீர் மணம், உயரமாகப் போகும். பாப்பா மேய்லாந்து என்ற ரகத்தின் மணத்துக்கு ஈடு சொல்வது கடினம். ஆனாலும் கரும்புள்ளி நோய் அதை எளிதில் பிடித்துவிடும், நம் மழையில் முதல் செடியாக அதை வாங்க வேண்டாம்.

சுங்கை பூலோ நர்சரிகளில் பெயர்ச்சீட்டே இல்லாத செடிகள் நிறைய. அங்கே மூக்கைத்தான் நம்ப வேண்டும். காலை பத்து மணிக்குள் போங்கள். பாதி விரிந்த பூவை முகருங்கள். முழுதும் விரிந்து இரண்டு நாளான பூ எந்த ரகமானாலும் அவ்வளவாக மணக்காது. அப்படியே ஒட்டுப்போட்ட முடிச்சையும், அதாவது நல்ல ரகத்தைக் காட்டுரோஜா வேர்மேல் ஒட்டிய இடத்தையும், பாருங்கள். அது மண்ணுக்கு மேலே, வெடிப்போ கறுப்போ இல்லாமல் இருக்க வேண்டும்.

பிறை: ஐயா அல்லது அம்மா, தொட்டிக் கலவைக்குச் சரியான அளவு சொல்லுங்கள். தனிக் கோக்கோபீட்டில் (தேங்காய் நார்த்தூளில்) வைக்கலாமா?

தனிக் கோக்கோபீட் வேண்டாம். அக்டோபர் மழையில் நாள்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். 16 அங்குலத் தொட்டிக்கு: தோட்டமண் 4 பங்கு, நன்கு மக்கிய உரம் 2 பங்கு, கருக்கிய உமி (நர்சரியில் சேக்காம் பாக்கார் என்று கேளுங்கள்) 2 பங்கு, கரடுமுரடான மணல் 1 பங்கு, கோக்கோபீட் 1 பங்கு. நம் செம்மண் புளிப்பு மண். ரோஜாவுக்குப் பிஎச் (மண்ணின் புளிப்பைக் காட்டும் அளவு) 6 முதல் 6.5 வேண்டும். அதனால் இரண்டு மேசைக்கரண்டி டோலோமைட் (புளிப்பைக் குறைக்கும் சுண்ணாம்புக்கல் தூள்) கலந்துவிடுங்கள். மழை அதைக் கரைத்துக் கொண்டே போகும், நான்கு மாதத்துக்கு ஒருமுறை மேலே தூவிக் கிளறுங்கள்.

உரத்தைக் கொஞ்சமாக, அடிக்கடி போடுங்கள். மாதத்துக்கு ஒருமுறை கைநிறையக் கொட்டினால் முதல் நாள் வேர் கருகும், மறுநாள் மழையில் மீதி ஓடிவிடும். பச்சை நிற உரம், அதாவது தழை, மணி, சாம்பல் சத்துகள் சமமாக உள்ள 15-15-15, வாரம் ஒரு தேக்கரண்டி, தொட்டி விளிம்பை ஒட்டி, ஈர மண்ணில். மொட்டு பட்டாணி அளவு வந்ததும் சாம்பல் சத்து கூடிய நீல நிற உரத்துக்கு, 12-12-17-2க்கு, மாறுங்கள். தொட்டியைச் செங்கல்மேல் ஏற்றுங்கள், சிமென்ட் தரைச் சூடு வேரைத் தாக்காது. அடித்தட்டு வைக்கவே வேண்டாம். தேங்கிய தண்ணீரில் ஏடிஸ் கொசு வந்துவிடும்.

ஆயர் ஈத்தாம்: இலையில் கறுப்பு வட்டம், சுற்றிலும் மஞ்சள், பிறகு உதிர்கிறது. வாரா வாரம் மருந்தடித்தும் நிற்கவில்லை. பூவும் சிறுத்துவிட்டது, மணமே இல்லை.

கரும்புள்ளி நோய். நம் ஊர் ரோஜாவின் பெரிய பகை இதுதான், நீங்கள் கேட்ட மூன்றுக்கும் காரணமும் இதுவே. மணத்துக்கான எண்ணெய் பூவிதழில் உருவாகிறது, ஆனால் அதற்கான சத்து இலையிலிருந்து போகிறது. இலையில்லாத செடி வெறும் நிறத்தை மட்டும் காட்டும். அதனால் மணம் வேண்டுபவர் முதலில் இலையைக் காப்பாற்ற வேண்டும்.

இந்தப் பூஞ்சை இலைக்குள் நுழைய, இலை தொடர்ந்து ஏறக்குறைய ஏழு மணி நேரம் ஈரமாக இருக்க வேண்டும். இதைப் புரிந்துகொண்டால் வைத்தியமும் தெரிந்துவிடும். மாலையில் நனைந்த இலை விடியும்வரை ஈரம், ஏழு மணி நேரம் தாராளமாகக் கிடைத்துவிடும். ஆகவே தண்ணீர் காலையில், வேரில் மட்டும். தொட்டிகளுக்கு நடுவே இரண்டரை அடி விடுங்கள், காற்று ஓடட்டும். கிழக்கு வெயில் படுகிற, ஒளி ஊடுருவும் கூரையின் ஓரம் இருந்தால் அதைவிட நல்ல இடம் வேறில்லை. காலை வெயில் இலையைக் காயவைக்கும், கூரை மழையைத் தடுக்கும். மண்ணிலிருந்து ஓரடி உயரம்வரை உள்ள இலைகளை எடுத்துவிடுங்கள், மண் தெறித்து முதலில் நோய் ஏறுவது அங்கேதான். விழுந்த இலையைப் பொறுக்கிக் குப்பையில் போடுங்கள், உரக்குழியில் வேண்டாம்.

மருந்து வந்த நோயைத் துடைக்காது, அடுத்த இலைக்குப் போகாமல் தடுக்கும், அவ்வளவே. மான்கோஸெப் தூள் லிட்டருக்கு 2 கிராம், இலையின் அடிப்பக்கமும் நனைய, மழையில்லாத காலையில், பத்து நாளைக்கு ஒருமுறை. கையுறையும் முகக்கவசமும் அவசியம். ஒரே மருந்தையே வருடம் முழுக்க அடிக்காமல் இடையில் தாமிர மருந்துக்கு மாறுங்கள். மருந்தடித்த பூவைக் குல்கந்துக்கோ பாயசத்துக்கோ எடுக்காதீர்கள்.

பிரிக்ஃபீல்ட்ஸ்: அடுக்குமாடி பால்கனியில் மாலை வெயில் மட்டும் மூன்று மணி நேரம் வருகிறது. வைக்கலாமா?

ஹைப்ரிட் டீக்கு அது போதாது. ஆறு மணி நேரம் வேண்டும், அதில் பெரும்பங்கு காலை வெயிலாக இருப்பது நல்லது. அந்த இடத்துக்கு மல்லிகையே மேல்.

கெப்போங்: பொங்கலுக்குப் பூ வேண்டும். எப்போது வெட்டுவது? வெட்டிய கிளை மேலிருந்து கறுத்துக்கொண்டே வருகிறது.

வெட்டியதிலிருந்து பூவரை இங்கே 40 முதல் 45 நாள். பொங்கலுக்கு நவம்பர் கடைசி நாளிலிருந்து டிசம்பர் முதல் ஐந்து நாளுக்குள். குளிர்நாட்டுப் படங்களைப் பார்த்து ஓரடிக்குக் கட்டையாக வெட்டாதீர்கள். அங்கே செடி குளிர்காலம் முழுக்கத் தூங்குகிறது, இங்கே தூக்கமே கிடையாது. மூன்றில் ஒரு பங்கு உயரம் மட்டும் குறையுங்கள். வெளிநோக்கிய மொட்டுக்கு அரை சென்டிமீட்டர் மேலே, சாய்வாக.

கறுத்து இறங்குவது நுனிக்கருகல். நவம்பர் மழைமாதம், ஈரமான வெட்டுவாயில் பூஞ்சை ஏறிவிடுகிறது. இரண்டு நாள் மழை விட்ட காலையாகப் பாருங்கள். கத்தரியை ஒவ்வொரு செடிக்கும் ஸ்பிரிட்டால் துடையுங்கள். வெட்டுவாயில் தாமிரப் பசை தடவுங்கள். ஏற்கெனவே கறுத்திருந்தால் உள்தண்டு வெள்ளையாகத் தெரியும்வரை கீழே வெட்டிக்கொண்டே போங்கள். பழுப்புப் புள்ளி ஒன்று மிச்சமிருந்தாலும் மறுபடி இறங்கும்.

பட்டர்வொர்த்: அடியிலிருந்து ஒரு கிளை வேகமாக ஆறடி போய்விட்டது, பூவே இல்லை. ஏழு இலை என்றால் காட்டுரோஜாவா?

இலையை எண்ணி முடிவு செய்யாதீர்கள் தம்பி. வீரியமான நல்ல கிளையிலும் ஏழு சிற்றிலை வரும். மண்ணை விலக்கிப் பாருங்கள். ஒட்டு முடிச்சுக்குக் கீழே புறப்பட்டிருந்தால் காட்டுக்கிளைதான். வெட்டினால் இரண்டாகத் துளிர்க்கும், கீழ்நோக்கி இழுத்துப் பிய்த்துவிடுங்கள். முடிச்சுக்கு மேலே வந்திருந்தால் அது உங்கள் செல்வம், தொடாதீர்கள்.

செதாப்பாக்: மொட்டு விரியாமல் ஓரம் பழுப்பாகிறது.

இலைப்பேன். மொட்டை வெள்ளைத் தாள்மேல் தட்டுங்கள், மெல்லிய கோடுபோல ஊர்ந்தால் உறுதி. கெட்ட மொட்டுகளைக் கட்டிய பையில் போட்டு எறியுங்கள். வேப்பெண்ணெய் 5 மில்லி, பாத்திர சோப்பு 2 மில்லி, ஒரு லிட்டர் நீரில் கலந்து, வெயில் தாழ்ந்த பின் மொட்டில் மட்டும், ஐந்து நாளுக்கு ஒருமுறை அடியுங்கள். இலையை நனைக்க வேண்டாம், மேலே சொன்ன காரணம்தான்.

பாங்சார்: செடி ஆரோக்கியம், இலை நிறைய, பூ பெரிது. மணம் மட்டும் இல்லை.

அப்படியானால் ரகமே மணமற்றது. உரம் போட்டு வரவழைக்க முடியாது. 2015இல் பிரான்சு ஆய்வாளர்கள் பாப்பா மேய்லாந்தையும் மணமில்லாத இன்னொரு ரோஜாவையும் ஒப்பிட்டு, ஜெரானியோல் என்ற வாசனைப் பொருள் உருவாக வழிசெய்யும் ஒரு நொதி மணமுள்ள பூவிதழில் மும்முரமாக வேலைசெய்வதைக் கண்டார்கள். மணம் பிறப்பிலேயே வருவது. அதை முகர்கிற நேரம் மட்டும் நம் கையில், அது காலை ஏழு, எட்டு மணி.

ஜார்ஜ்டவுன்: வெட்டி அலங்கரித்தால் ஒரே நாளில் தலை தொங்குகிறது. வரவேற்பறையில் பித்தளைச் செம்பில் வைக்கிறேன்.

காலை ஏழு மணிக்குள் வெட்டுங்கள். மொட்டைச் சுற்றிய பச்சைப் புறவிதழ்கள் கீழே மடங்கி, பூவின் வெளியிதழ் ஒன்றிரண்டு பிரியத் தொடங்கிய நிலை சரியானது. இறுக்கமான மொட்டாக வெட்டினால் விரியாது. செடியில் ஐந்திலைக் கொத்து குறைந்தது இரண்டு மிச்சமிருக்கட்டும். கையோடு வாளியில் தண்ணீர் கொண்டுபோங்கள். வீட்டுக்குள் வந்ததும் காம்பை நீருக்குள்ளேயே வைத்து இரண்டு சென்டிமீட்டர் மறுபடி வெட்டுங்கள். காம்பில் காற்றுக்குமிழி புகுந்தால் தலை தொங்கும். பிறகு கழுத்தளவு நீரில், இருட்டான இடத்தில் இரண்டு மணி நேரம். ஏற்கெனவே தொங்கிவிட்டதென்றால் மறுபடி நீருக்குள் வெட்டி, அகலமான பேசினில் முழுக்காம்பும் மூழ்கப் படுக்கவைத்தால் ஒரு மணி நேரத்தில் பெரும்பாலும் நிமிர்ந்துவிடும்.

ஒரு லிட்டர் நீருக்குச் சர்க்கரை இரண்டு தேக்கரண்டி, எலுமிச்சைச் சாறு ஒரு மேசைக்கரண்டி, தினமும் மாற்ற வேண்டும். அந்தப் புளிப்பு பித்தளையை அரிக்கும், செம்புக்குள் ஒரு கண்ணாடி டம்ளரை இறக்கி அதில் பூவை வையுங்கள். நீருக்குள் இலை இருக்கக் கூடாது. காம்பு செம்பின் உயரத்தைப்போல ஒன்றரை மடங்கு வெளியே தெரிந்தால் கண்ணுக்கு நிறைவு. ஒன்று மொட்டு, ஒன்று பாதி, ஒன்று முழு விரிவு என மூன்று பூ போதும், வெவ்வேறு உயரத்தில். பக்கத்தில் மல்லிகையோ சம்பங்கியோ வேண்டாம், ரோஜா மணத்தை அமுக்கிவிடும். பச்சைக்கு ரம்பை இலை ஒன்றிரண்டை மடித்துச் செருகலாம். மின்விசிறிக்கு நேர்கீழே வைக்காதீர்கள்.

ஜெலுத்தோங்: சாமி மேடையில் வைத்த பூ மட்டும் சீக்கிரம் இதழ் கொட்டுகிறதே?

பக்கத்தில் பழுத்த வாழைப்பழத் தட்டு இருக்கிறதா பாருங்கள். பழுக்கும் பழம் விடுகிற எத்திலீன் வாயு ரோஜா இதழை உதிர்க்கும். பழத்தட்டை மேடையின் மறு ஓரத்துக்குத் தள்ளிவையுங்கள், விளக்குச் சூட்டிலிருந்தும் ஓரடி விலகட்டும். முழுதும் விரிந்த பூவாக இருந்தால் காம்பை ஒரு சென்டிமீட்டருக்குக் குறைத்து உருளியில் மிதக்கவிடுங்கள், காம்பில் நிற்பதைவிட ஒரு நாள் கூடுதலாக இருக்கும்.