ஒன்பது மாத நாய் வீட்டில் ஒரு நிமிடம்கூடச் சும்மா இருப்பதில்லை, அமைதியாகப் படுக்க எப்படிப் பழக்குவது?

காலையில் ஒரு மணி நேரம் பந்து எறிந்து ஓடவிட்ட பிறகும் வீட்டுக்குள் வந்ததும் மறுபடி ஆட்டம், சோபா, செருப்பு, கர்ட்டன் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்நேரம் உங்களுக்கு நாலு பேராவது "இன்னும் ஓடவிடு, களைச்சுப் போனா தானா படுத்துக்கும்" என்று சொல்லியிருப்பார்கள். இன்னும் சிலர் "கட்டிப் போடு" என்றிருப்பார்கள். வீட்டில் யாராவது ஒருவர் "பேசாம ஊருக்கு அனுப்பிடு" என்று தொடங்கியிருப்பார். இந்த மூன்றும் எனக்கும் சொல்லப்பட்டவை, மூன்றையும் நான் கேட்கவில்லை என்பதில் எனக்கு இன்றைக்கும் பெருமைதான். அதனால்தான் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக மனசு வரவில்லை.

எங்கள் வீட்டு மிளகு கன்னி இன நாய். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து என் கணவரின் சித்தப்பா கொண்டுவந்து கொடுத்தார். கறுப்பு உடம்பு, கண்ணுக்கு மேலே மஞ்சள் பொட்டு, குச்சி மாதிரி கால்கள். முயல் விரட்டுவதற்கென்றே தலைமுறை தலைமுறையாக வளர்த்த இனம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இப்போது முயல் வேட்டை குற்றம், ஆனால் அது நாயின் கண்ணுக்குத் தெரியாது. அசைகிற எதைப் பார்த்தாலும் ஓடத்தான் தோன்றும் அவளுக்கு. நாங்கள் இருப்பது சென்னையில் இரண்டாவது மாடி ஃபிளாட். "வேட்டை நாயை ஃபிளாட்டில் வைத்து வதைக்கிறாயா" என்று கீழே யாராவது எழுதுவதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: இந்த மாதிரி ஓட்டக்கார இனங்கள் வேண்டிய அளவு வெளியே போய்வந்தால் மீதி நாளெல்லாம் தூங்கக்கூடியவை. அந்தத் தூக்கத்தை நாம்தான் பழக்க வேண்டும்.

களைப்பு வேறு, அமைதி வேறு. தினமும் ஒரு மணி நேரம் பந்துக்குப் பின்னால் ஓடும் நாய்க்கு ஒரு மாதத்தில் உடம்பு தேறிவிடும், அடுத்த மாதம் ஒன்றரை மணி நேரம் கேட்கும். ஓட்டம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, வெளியே போகாத நாயிடம் அமைதியை எதிர்பார்ப்பது அநியாயம். ஆனால் ஓடவிட்டதாலேயே சும்மா இருக்கக் கற்றுக்கொண்டுவிடாது. நாங்கள் பந்தை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, விடியற்காலையில் தார் சூடாவதற்கு முன் நீளக் கயிற்றில் கட்டி, அவள் மோந்து பார்க்க விரும்பும் இடத்திலெல்லாம் நின்று நின்று கூட்டிப் போகிறோம். ஒரு விளக்குக் கம்பத்தடியில் ஐந்து நிமிடம் மூக்கை வைத்துக்கொண்டு நிற்பாள். பார்க்கிறவர்களுக்கு என்ன இது என்று இருக்கும். ஆனால் பந்து ஓட்டத்துக்கு அப்புறம் கண்ணை உருட்டிக்கொண்டு வீட்டைச் சுற்றியவள், மோந்து வந்த நாளில் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்தாள்.

இன்னொன்று, உங்கள் நாய் போதுமான அளவு தூங்குகிறதா? சின்னக் குட்டிகள் ஒரு நாளில் 18 மணி நேரம் வரை தூங்கும், வளர்ந்த நாய்க்கே 12 முதல் 14 மணி நேரம் வேண்டும். டிவி, காலிங் பெல், பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் என்று எந்நேரமும் சத்தமாக இருக்கும் வீட்டில் அது கிடைக்காது. சாயங்காலம் ஏழு மணிக்குக் காலைக் கடித்து, வட்டமடித்து ஓடும் நாய்க்குப் பல நேரம் தூக்கம்தான் பாக்கி இருக்கும். அந்த நேரம் விளையாடக் கூப்பிடாமல் விளக்கைக் குறைத்து ஓர் அறையில் உட்கார்ந்து பாருங்கள்.

ஒன்பது மாதம் என்பது கஷ்டமான வயதும்கூட. இங்கிலாந்தில் நியூகாசில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்ட ஆய்வில், வளர்ப்பவர் "உட்கார்" என்றால் ஐந்து மாதத்தில் கேட்ட அளவுக்கு எட்டு மாதத்தில் நாய்கள் கேட்கவில்லை, அதே நாய்கள் அந்நியர் சொன்னால் கேட்டன. எதிர்வீட்டுக்காரர் சொன்னால் உட்காருகிறது, நான் சொன்னால் மூஞ்சியைத் திருப்பிக்கொள்கிறது என்று வருத்தப்படாதீர்கள். அந்த வயது கடந்துபோகும்.

இந்த வயதில்தான் எங்கள் வீட்டுக்கு ஒரு ட்ரெயினர் வந்தார். "மேடம், நீங்கதான் லீடர்னு அதுக்குக் காட்டணும்" என்றார். காட்டுகிறேன் பாருங்கள் என்று மிளகைத் தரையில் மல்லாத்திக் கழுத்தைப் பிடித்து அழுத்தினார். அவள் அசையாமல் கிடந்தாள். "பாத்தீங்களா, செட்டில் ஆயிடுச்சு" என்றார். கண்ணின் வெள்ளை தெரிய, வாயை இறுக மூடி, வாலை வயிற்றுக்கடியில் ஒடுக்கி, மூக்கை மூக்கை நக்கிக்கொண்டிருந்தாள். அது பயம். அவரை அப்போதே பணம் கொடுத்து அனுப்பிவைத்தேன். இந்த "லீடர்" பேச்சு எங்கிருந்து வந்தது என்று அப்புறம் தேடிப் படித்தேன். 1947-இல் ருடால்ஃப் ஷெங்கல் என்பவர் மிருகக்காட்சிசாலையில் அடைத்து வைத்த ஓநாய்களைப் பார்த்து எழுதியதில் வேர் இருக்கிறது. அந்தக் கருத்தை 1970-இல் புத்தகமாகப் பரப்பியவர்களில் ஒருவரான ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக் தானே பிற்பாடு, காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது அப்பா அம்மாவும் பிள்ளைகளும்தான், பதவிக்குச் சண்டை போடுவது மிக அரிது என்று 1999-இல் விளக்கி எழுதினார். நம் ஊர் ட்ரெயினர்களில் பலருக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை. ஆயிரக்கணக்கில் பணம் வாங்கிக்கொண்டு பயத்தை அமைதி என்று விற்கிறார்கள், அதில் எனக்கு உண்மையிலேயே கோபம்.

சரி, நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். ஹாலிலும் சமையலறையிலும் சின்ன டப்பாக்களில் வேகவைத்த கோழியைப் பொடித் துண்டுகளாக வைத்தோம், அவளுடைய அன்றைய சாப்பாட்டிலிருந்து எடுத்ததுதான். அவளாகவே எங்கேயாவது படுத்தால், சத்தம் போடாமல் போய் முன்கால்களுக்கு நடுவே தரையில் ஒரு துண்டை வைத்துவிட்டு வந்துவிடுவோம். கொஞ்சுவது, "குட் கேர்ள்" என்று கூவுவது எதுவும் கிடையாது, கூவினால் எழுந்துவிடுவாள். நாய் அட்டகாசம் செய்யும்போதுதான் வீட்டில் எல்லோரும் அதன் பெயரைச் சொல்லிக் கத்துகிறோம், சும்மா படுத்திருக்கும்போது அப்பாடா என்று போனைப் பார்க்கப் போய்விடுகிறோம். இதைத் தலைகீழாக மாற்றுவதுதான் பாதி வேலை.

அப்புறம் ஒரு பழைய சாக்கை மடித்து ஹால் மூலையில் போட்டோம். மெத்தை வாங்கினால் பஞ்சைப் பிய்த்துவிடுவாள், சாக்கு பரவாயில்லை. அதன்மேல் படுத்தால் துண்டு கிடைக்கும். எப்போதும் எழத் தயாராகச் சிங்கம் மாதிரி நிமிர்ந்து படுத்திருந்தால் ஒன்று, இடுப்பை ஒரு பக்கம் சாய்த்து, தலையைக் கீழே வைத்துப் பெருமூச்சு விட்டால் இரண்டு மூன்று. எழுந்து போனால் திட்டக் கூடாது, போகட்டும், திரும்பி வரும். தானாகச் சாக்குக்குப் போகத் தொடங்கிய பிறகுதான் "இடம்" என்ற சொல்லைச் சேர்த்தோம். நாய் துள்ளிக்கொண்டிருக்கும்போதே "படு, படு, படு" என்று கத்தினால் அந்தச் சொல்லுக்குத் துள்ளல் என்றே அர்த்தம் ஆகிவிடும்.

அடுத்தது தொந்தரவுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ப்பது. இதற்கு அமெரிக்கக் கால்நடை மருத்துவர் கேரன் ஓவரால் வகுத்த 15 நாள் பயிற்சிப் பட்டியல் இருக்கிறது. ஐந்து நொடி இரு, பத்து நொடி இரு, நான் ஓரடி பின்னால் போகிறேன், கை தட்டுகிறேன், கதவு வரை போய் வருகிறேன், மணியடிக்கிறேன் என்று படிப்படியாகப் போகும். நாங்கள் நாள் கணக்குப் பார்க்கவில்லை, ஒரே படியில் எத்தனையோ நாள் நின்றோம். எங்கள் வீட்டுக்கு ஏற்ற மாதிரி குக்கர் விசில், மிக்ஸி, பூக்காரம்மா குரல், கொரியர் பையன் என்று மாற்றிக்கொண்டோம். எழுந்து ஓடினால் அந்தப் படி அவளுக்கு அதிகம் என்று அர்த்தம், ஒரு படி இறங்கிவிடுவோம்.

"சாப்பாடு காட்டி லஞ்சம் கொடுக்கிறாய்" என்பவர்களுக்கு: நான் எதையும் முன்னால் காட்டுவதில்லை. அவள் படுத்த பிறகுதான் தருகிறேன். இப்போது பல நாள் துண்டே இல்லாமல் படுக்கிறாள்.

இதோடு பால்கனியைக் கவனியுங்கள். மிளகுக்கு எதிர் வேப்பமரத்து அணிலும் காக்கையும்தான் முழுநேர வேலை. கம்பிக்குக் கீழ்ப் பாதியை மூங்கில் தட்டி போட்டு மறைத்தோம், வீட்டுக்குள் பாதி ஓட்டம் அன்றைக்கே நின்றது. ட்யூப்லைட் பக்கத்துப் பல்லிக்கு மட்டும் இன்னும் வழி தெரியவில்லை. மத்தியான நேரத்துக்கு நக்கவும் மெல்லவும் ஏதாவது கொடுங்கள், இரண்டும் நாயை ஆற்றும். சின்னக் கிண்ணத்தில் தயிரை ஊற்றி ஃப்ரீசரில் வைத்துக் கொடுத்தால் வெகு நேரம் நக்கும், பழைய டவலில் பிஸ்கட் தூளைத் தூவிச் சுருட்டிக் கொடுத்தால் மூக்குக்கு வேலை. வேகவைத்த எலும்பு மட்டும் வேண்டாம், சில்லு சில்லாக உடைந்து குடலைக் கிழிக்கும்.

வீட்டுப் பெரியவர்களை வழிக்குக் கொண்டுவருவதுதான் எங்களுக்குக் கடினமாக இருந்தது. சாப்பிடும்போது மிளகு குரைத்தால் அத்தைக்கு மனசு கேட்காது, ஓர் இட்லித் துண்டு போய்விடும். "அத்தை, குரைக்கிறப்ப கொடுக்காதீங்க, சாக்குல படுத்திருக்கிறப்ப நீங்களே போய்க் கொடுங்க" என்று சொன்னோம். நிறுத்திய முதல் சில நாள் குரைப்பு முன்னைவிட மோசமானது. இது பல நாய்களுக்கும் நடப்பது, அந்த நேரத்தில் கொடுத்துவிட்டால் இன்னும் சத்தமாகக் குரைக்க வேண்டும் என்றே கற்றுக்கொள்ளும். இன்றைக்கு மிளகு மிகவும் நம்புவது அத்தையைத்தான்.

சம்பந்தமில்லை என்றாலும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இவ்வளவு பாடுபட்டு நாயைப் பழக்கினால், எங்கள் குடியிருப்புச் சங்கத்தில் லிஃப்டில் நாய் ஏறக் கூடாது, மீறினால் அபராதம் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். லிஃப்டில் யாரையும் அவள் முகர்ந்துகூடப் பார்த்ததில்லை. அத்தைக்கு முழங்கால் வலி, நாங்கள் வேலைக்குப் போன நேரத்தில் மாடிப்படியில் எப்படி நாயைக் கூட்டிப் போவார்? இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-இலேயே குடியிருப்புச் சங்கங்களுக்கு வழிகாட்டு நெறிமுறை கொடுத்திருக்கிறது, வளர்ப்பு நாய்களை லிஃப்டில் தடை செய்யக் கூடாது என்று அதில் இருக்கிறது. பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். "பாக்கறோம்" என்றார்கள், நோட்டீஸ் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. அதே லிஃப்டில் வெற்றிலை துப்புகிறவர்களுக்கு அபராதம் கிடையாது.

நான் கால்நடை மருத்துவரும் இல்லை, ட்ரெயினரும் இல்லை. நன்றாக இருந்த நாய் திடீரென்று அமைதியிழந்தால், இரவில் எழுந்து எழுந்து நடந்தால், முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். காது, உண்ணி, தோல் அரிப்பு, மூட்டு வலி என்று எதுவாகவும் இருக்கலாம். வெடிச் சத்தத்துக்கு நடுங்கும் நாய்க்கும் சாக்குப் பயிற்சி மட்டும் போதாது, அது வேறு விஷயம். அப்படியென்றால் தீபாவளிக்கு இரண்டு மாதம் முன்பே டாக்டரிடம் பேசிவிடுங்கள், முந்தின நாள் ஓடினால் அவராலும் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது.