பிசிஎம்பியா, பிசிஎம்சியா: சனிக்கிழமைக்குள் முடிவெடுக்க வேண்டியதில்லை

கேள்வி: மகள் எஸ்எஸ்எல்சியில் 88 சதவீதம் வாங்கியிருக்கிறாள். கணக்கும் வருகிறது, பயாலஜியும் பிடிக்கிறது. டாக்டரா இன்ஜினியரா என்று அவளுக்கே இன்னும் தெளிவில்லை. தெரிந்தவர் மூலம் வந்த ஒருவர், "கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் வேண்டுமென்றால் பி.யு.வில் பிசிஎம்சி எடுத்தே ஆகணும். பயாலஜியை அப்புறம் சேர்த்துக்கலாம்" என்கிறார். ஒரு கல்லூரியில் கோச்சிங்கோடு சேர்த்து இரண்டு வருடப் பணத்தையும் சனிக்கிழமைக்குள் கட்டச் சொல்கிறார். தமிழை விட்டுவிட்டு மார்க் வரும் மொழியாக எடுக்கவும் சொல்கிறார். என்ன செய்வது?
(ஸ்ரீராம்புரம் வாசகி, பெங்களூரு)

பதில்: மகளைப் பிசிஎம்பியில் சேருங்கள். சனிக்கிழமை பணம் கட்டாதீர்கள். தமிழை விட வேண்டாம். இனி காரணங்களைச் சொல்கிறேன்.

கர்நாடகத்தில் பதினோராம், பன்னிரண்டாம் வகுப்புகளைத்தான் பி.யு. என்கிறோம். அதில் சயன்ஸ் என்றால் இரண்டு மொழி, நான்கு பாடம், மொத்தம் 600 மார்க். நான்கில் பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, மேத்ஸ் மூன்றும் அநேகமாக எல்லாப் பிரிவிலும் வந்துவிடும். நான்காவது இடத்தில் பயாலஜி இருந்தால் பிசிஎம்பி, கம்ப்யூட்டர் இருந்தால் பிசிஎம்சி, எலெக்ட்ரானிக்ஸ் இருந்தால் பிசிஎம்இ. ஆக, நீங்கள் முடிவு செய்ய வேண்டியது அந்த ஒரு நாற்காலியில் யார் உட்காருவது என்பதை மட்டும்தான்.

கம்ப்யூட்டர் இன்ஜினியரிங்குக்குப் பிசிஎம்சி கட்டாயம் என்பது தவறு. கர்நாடகத்தின் பொது நுழைவுத் தேர்வான சிஇடி வழியாக பி.இ. சேர பிசிக்ஸும் மேத்ஸும் கட்டாயம். மூன்றாவதாக கெமிஸ்ட்ரி, பயாலஜி, கம்ப்யூட்டர், எலெக்ட்ரானிக்ஸ் இவற்றில் ஒன்று இருந்தால் போதும். சிஇடியில் கம்ப்யூட்டர் சயன்ஸ் என்று ஒரு தாளே கிடையாது. பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, மேத்ஸ், பயாலஜி நான்குதான். ஒவ்வொன்றிலும் 60 கேள்வி, 80 நிமிடம், தவறான விடைக்கு மார்க் குறைப்பு இல்லை. இன்ஜினியரிங் ரேங்க்கில் பாதி இரண்டாம் பி.யு.வில் பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, மேத்ஸ் மார்க்கிலிருந்தும், மறுபாதி சிஇடியில் அதே மூன்றின் மார்க்கிலிருந்தும் வரும். பி.யு. கம்ப்யூட்டரில் நூற்றுக்கு நூறு எடுத்தாலும் அந்த ரேங்க் ஒரு இடம்கூட நகராது. கல்லூரிக்குப் போன பிறகும் முதல் வருடத்தில் கோடிங்கை எல்லோருக்கும் அடியிலிருந்துதான் தொடங்குவார்கள்.

பயாலஜியை விட்டால் மூடுகிற கதவுகளோ நிறைய. எம்பிபிஎஸ், பல் மருத்துவம், ஆயுர்வேதம், பி.எஸ்சி. நர்சிங், விவசாயம் எல்லாவற்றுக்கும் அது வேண்டும். உங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற இந்திய அறிவியல் கழகத்தையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே 2011 முதல் நான்கு வருட ஆராய்ச்சி இளநிலைப் படிப்பு நடக்கிறது. பதினோராம், பன்னிரண்டாம் வகுப்புகளில் பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, மேத்ஸ் மூன்றும் படித்திருக்க வேண்டும். அதற்கு ஒரு வழி, மத்திய அரசின் அறிவியல் கல்வி நிறுவனங்களான ஐசர்கள் நடத்தும் ஐஏடி நுழைவுத் தேர்வு. அதில் 60 கேள்வி, நான்கு பாடத்துக்கும் தலா 15. பயாலஜியை விட்ட மாணவி அந்த 15 கேள்விகளையும் பத்தாம் வகுப்பு அறிவோடு எதிர்கொள்ள வேண்டிவரும். டாக்டர், இன்ஜினியர் இரண்டைத் தவிர மூன்றாவது பாதை ஒன்று இருப்பதே பல வீடுகளுக்குத் தெரிவதில்லை. சொல்ல வேண்டிய பள்ளிகளும் சொல்வதில்லை.

பிசிஎம்பியில் சுமை இருக்கிறது, மறுக்கவில்லை. பயாலஜியில் படம் வரைய வேண்டும், பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டும், ரெக்கார்டு நோட்டு எழுத வேண்டும். ஆனால் இரண்டாம் வருடத்தில் மகள் இன்ஜினியரிங் என்று முடிவெடுத்துவிட்டால், பயாலஜியைத் தேறும் அளவுக்கு மட்டும் படித்தால் போதும். இன்ஜினியரிங் ரேங்க்கை அது தொடாது. பிசிஎம்சியிலிருந்து மருத்துவம் பக்கம் திரும்புவது அவ்வளவு லேசில்லை.

அந்த மனிதர் சொன்ன "அப்புறம் சேர்த்துக்கலாம்" என்பதை இங்கே விரிவாகப் பார்க்க வேண்டும். அதில் பாதி உண்மை இருக்கிறது, ஏமாறுவதும் அந்தப் பாதியால்தான். தேசிய மருத்துவ ஆணையம் 2023 நவம்பரில் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. பன்னிரண்டாம் வகுப்பில் பயாலஜி இல்லாமல் தேறியவர்கள், பிறகு அங்கீகாரம் பெற்ற ஒரு போர்டில் பயாலஜியைக் கூடுதல் பாடமாக எழுதித் தேறினால் நீட் எழுதலாம் என்று அது சொல்கிறது. அதற்கு முன் இந்தப் பாதை அடைத்தே கிடந்தது. எனவே வழி இருக்கிறது. நடைமுறையில் என்ன ஆகும் என்று பாருங்கள். இரண்டாம் பி.யு. முடிந்ததும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி போன்ற ஒன்றில் பயாலஜி என்ற ஒரே பாடத்துக்குப் பதிவு செய்ய வேண்டும். அதன் பொதுத் தேர்வு ஏப்ரல் மே மாதங்களிலும், அக்டோபர் நவம்பர் மாதங்களிலும் நடக்கும். செய்முறைத் தேர்வு தனியாக உண்டு. கவுன்சலிங்குக்குள் மார்க் ஷீட் கையில் வந்தாக வேண்டும். பெரும்பாலோருக்கு ஒரு வருடம் போய்விடும். அதைவிடப் பெரியது, நீட்டில் உள்ள 180 கேள்விகளில் 90 பயாலஜி. 720 மார்க்கில் 360. மற்றவர்கள் இரண்டு வருடம் வகுப்பில் படித்ததை இவள் தனியாக உட்கார்ந்து ஒரே வருடத்தில் முடிக்க வேண்டும். ஏற்கனவே பிசிஎம்சி முடித்துவிட்டு மனம் மாறிய பிள்ளைக்கு இந்த அறிவிப்பு உண்மையிலேயே பெரிய உதவி. இன்றுதான் சேரப் போகிற பிள்ளைக்கு இதைத் திட்டமாகச் சொல்லிக் கொடுப்பவர், நேராகப் போகிற பஸ்ஸை விட்டுவிட்டு மூன்று பஸ் மாறிப் போகச் சொல்கிறார். உங்கள் மகள் வேறு பிரிவில் சேர்ந்துவிட்டாலும் முதல் பி.யு.வின் ஆரம்ப வாரங்களிலேயே பிரின்சிபாலிடம் எழுதிக் கொடுத்து மாற்றக் கேளுங்கள். இரண்டாம் வருடத்தில் கேட்டுப் பயனில்லை.

இனி பணம். பி.யு. அட்மிஷனுக்கு இடைத்தரகரே தேவையில்லை. விண்ணப்பத்தைக் கல்லூரி அலுவலகத்தில் நேரே வாங்கலாம். 88 சதவீதத்துக்குக் கதவு திறக்கும் கல்லூரிகள் பெங்களூரில் ஏராளம். "சனிக்கிழமைக்குப் பிறகு சீட் இல்லை" என்பது கமிஷன் வாங்குபவரின் அவசரம். ஒரிஜினல் மார்க்ஸ் கார்டும் டிசியும் கல்லூரி அலுவலகக் கவுண்டரில் மட்டும் கொடுக்க வேண்டியவை. இன்னொருவர் கையில் அவற்றைக் கொடுத்துவிட்டால், வேறு கல்லூரிக்கு மாற நினைக்கும்போது அவரைத்தான் தேடி அலைய வேண்டும்.

"இன்டெக்ரேட்டட்" என்று சொல்வது, பி.யு. வகுப்பையும் நீட், ஜேஇஇ கோச்சிங்கையும் ஒரே கட்டிடத்தில் வைத்து ஒரே தொகையாக வாங்குவது. இரண்டுக்கும் தனித்தனி ரசீது கேளுங்கள். கல்லூரிக் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது. கோச்சிங்குக்கு 18 சதவீதம் உண்டு. ரசீதில் 18 சதவீதம் தெரிந்தால், அந்தத் தொகை கோச்சிங் பணம் என்று அவர்களே எழுத்தில் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். இது ஏன் முக்கியம் என்றால், மத்தியக் கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் கோச்சிங் மையங்களுக்கு வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படி, முழுப் பணம் கட்டிய மாணவர் நடுவில் விலகினால் மீதிக் காலத்துக்கான பணத்தைக் கணக்குப் பார்த்து 10 நாளில் திருப்பித் தர வேண்டும். ரேங்க் உறுதி, மார்க் உறுதி என்று வாக்குக் கொடுக்கவும் கூடாது. ஆனால் இவை நெறிகள்தான். மாநிலங்கள் சட்டமாக்கி ஆள் அனுப்பிச் சோதிக்காதவரை காகிதத்தில்தான் இருக்கும், ஒவ்வொரு ஜூனிலும் பெற்றோரும் ஏமாந்துகொண்டே இருப்பார்கள். அதனால் தவணை தவணையாகக் கட்டுங்கள். ஒரு வருடத்துக்கு மேல் முன்பணம் வேண்டாம். பணத்தைத் திருப்பித் தர மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யுங்கள்.

சேர்வதற்கு முன் லேபைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பயாலஜி ஒவ்வொன்றிலும் செய்முறைக்கு 30 மார்க், எழுத்துத் தேர்வுக்கு 70. பியூரெட்டில் தூசி படிந்திருந்தால், மைக்ராஸ்கோப் பெட்டியை விட்டு வெளியே வந்ததே இல்லையென்றால், அங்கே தேர்வுக்கு முந்தைய வாரங்களில்தான் லேப் நடக்கும் என்று தெரிந்துகொள்ளலாம். "காலேஜுக்கு வர வேண்டாம், கோச்சிங் மட்டும் வந்தால் போதும், அட்டெண்டன்ஸ் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று சொன்னால் அந்த நிமிடமே எழுந்து வாருங்கள். 75 சதவீத வருகை இல்லாவிட்டால் ஹால் டிக்கெட் நிற்கும். அப்போது அட்டெண்டன்ஸ் பார்த்துக்கொள்கிறேன் என்றவர் போனை எடுக்கமாட்டார். "எங்கள் சிலபஸ் தனி" என்பதையும் நம்ப வேண்டாம். இங்கே பி.யு. சயன்ஸுக்கு என்சிஇஆர்டி புத்தகம்தான் பாடப்புத்தகம், நீட்டுக்கும் அடிப்படை அதுதான்.

தமிழ் பற்றி: பி.யு.வில் தமிழ் ஒரு மொழிப் பாடமாக உண்டு. இன்ஜினியரிங் ரேங்க்கில் மொழி மார்க் சேராது. எனவே ரேங்க்கைக் காரணம் காட்டித் தமிழை விடச் சொல்வதில் பொருளே இல்லை. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: அந்தக் கல்லூரியில் தமிழுக்கு வாத்தியார் இருக்கிறாரா, வகுப்பு நடக்கிறதா? விண்ணப்பத்தில் தமிழ் என்று அச்சடித்திருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். இப்போது இரண்டாம் வருடம் படிக்கிற பிள்ளை ஒன்றிடம் விசாரியுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் நம் வீடுகளில் அடிக்கடி இடறும் இடம். ஊரிலிருந்து கொண்டுவந்த தமிழ்நாட்டுச் சாதிச் சான்றிதழ் கர்நாடக இடஒதுக்கீட்டுக்குச் செல்லாது. இங்கே பிற்படுத்தப்பட்டோர் பிரிவுகளே வேறு: 1, 2ஏ, 2பி, 3ஏ, 3பி. இங்குள்ள தாசில்தார் தரும் சாதி, வருமானச் சான்றிதழ்தான் வேண்டும். அதில் ஆர்டி என்று தொடங்கும் எண் இருக்கும், அந்த எண்ணைச் சிஇடி விண்ணப்பத்தில் கேட்பார்கள். அது போலவே, மாநிலத்தவர் என்ற தகுதிக்கு ஒன்றாம் வகுப்பிலிருந்து குறைந்தது ஏழு வருடம் கர்நாடகத்தில் படித்திருக்க வேண்டும் என்பது பொது விதி. டிசி வாங்கப் போகும்போதே, படித்த ஒவ்வொரு பள்ளியிலும் படிப்புச் சான்றிதழை வாங்கி, வட்டாரக் கல்வி அதிகாரியின் கையெழுத்தையும் முத்திரையையும் பெற்று வைத்துவிடுங்கள். பிள்ளையின் விவரம் முழுவதும் அரசிடம் கம்ப்யூட்டரில் இருக்கும்போதே இந்த அலைச்சல் ஏன் என்று கோபம் வரும், வர வேண்டியதுதான். ஆனாலும் சிஇடி விண்ணப்ப நேரத்தில் எல்லோரும் அதே அலுவலக வாசலில் நிற்பார்கள், இந்த மாதம் போனால் கூட்டம் இருக்காது.