மேரிவில் பெயர் பொறித்த துப்பாக்கிகளைச் சேகரிக்கலாமா?

தம்பி, எச்-1பி வேலை விசாவில் டென்னசி மாநிலத்தின் நாக்ஸ்வில் பக்கம் குடிவந்திருக்கும் நீங்கள், உடன் வேலை செய்பவரின் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனக் கைத்துப்பாக்கியில் 'மேரிவில், டென்னசி' என்று பொறித்திருந்ததைப் பார்த்துவிட்டு, நம் ஊருக்கே இடம்பெயர்ந்து வந்த ஆலையின் முதல் துப்பாக்கிகளைச் சேர்த்து வைத்தால் பிற்காலத்தில் மதிப்புக் கூடுமா என்றும், அவர் தம் பெயரில் வாங்கித் தருவதாகச் சொல்வதை ஏற்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டாவது கேள்விக்கே முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: ஏற்கவே கூடாது.

கடையில் நிரப்பும் 4473 என்ற படிவம், துப்பாக்கியை உண்மையில் வாங்குபவர் யார் என்று கேட்கிறது. உங்கள் பணத்தில் உங்களுக்காக வாங்குபவர் தம்மையே அங்கு எழுதினால் அது மத்தியச் சட்டப்படி குற்றம். உங்கள் நிலையோ அதைவிடச் சிக்கலானது. எச்-1பி போன்ற குடியேற்றமல்லாத விசாவில் வந்தவர் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பதே தடைசெய்யப்பட்டுள்ளது. 2022க்குப் பிறகு இதற்கு 15 ஆண்டுகள் வரை சிறை, கூடவே நாடு கடத்தலுக்கும் வழி உண்டு. ஏதேனும் ஒரு மாநிலத்தின் நடப்பு வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு என்பது உண்மைதான். ஆனால் அந்த உரிமத்தைப் புதுப்பிக்க மறந்தால், அலமாரியில் உள்ள அத்தனை துப்பாக்கிகளும் மறுநாளே குற்றப் பொருள்களாகிவிடும். இத்தனை மெல்லிய கயிற்றில் ஒரு சேகரிப்பைத் தொங்கவிட நான் துணிய மாட்டேன். கிரீன் கார்டு கைக்கு வரட்டும். அதற்கு முன்பே ஆசை அடங்கவில்லையென்றால், குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரைக் கேட்டுவிட்டு மேற்கொண்டு யோசியுங்கள்.

இனி மதிப்பைப் பற்றி. 1850களிலிருந்து மாசசூசெட்ஸின் ஸ்பிரிங்ஃபீல்டில் இயங்கிய ஸ்மித் அண்ட் வெஸ்ஸன், அங்கே சிலவகைத் துப்பாக்கிகளின் தயாரிப்பையே தடுக்கும் மசோதா வந்ததைக் காரணம் காட்டி, 2021 செப்டம்பரில் இடமாற்றத்தை அறிவித்து, 2023 அக்டோபரில் மேரிவில் வளாகத்தைத் திறந்தது. ஆயினும் ஸ்பிரிங்ஃபீல்டை அது முழுவதும் காலி செய்யவில்லை. உலோகத்தைக் காய்ச்சி அடித்து உருவாக்கும் வேலையும் ரிவால்வர் பொருத்தும் வேலையும் அங்கேயே தொடரும் என்று அறிவித்தது. ஆகவே, மேரிவில் என்று எழுதியிருப்பதாலேயே எல்லாப் பாகங்களும் இங்கே பிறந்தவை என்று எண்ணிவிடாதீர்கள். உற்பத்தியாளரின் பெயரையும், அவர் உரிமம் பெற்றுத் தொழில் நடத்தும் ஊரின் பெயரையும் பொறிக்கச் சொல்வது மத்திய விதி. வரிசை எண்ணின் எழுத்து அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்குக்குக் குறையக் கூடாது என்றுகூட அந்த விதி அளந்து சொல்கிறது. உலோகம் எங்கே உருவானது என்பதைப் பற்றி மட்டும் அது பேசுவதில்லை.

ஆலை இடம்பெயரும்போது சேகரிப்பாளர்கள் பெரும்பாலும் தேடுவது புதிய ஊரின் முதல் துப்பாக்கியையா, பழைய ஊரின் கடைசித் துப்பாக்கியையா என்பதற்கு மார்லின் என்ற துப்பாக்கி நிறுவனம் நல்ல சான்று. கனெக்டிகட்டின் நார்த் ஹேவனில் இருந்த அதன் ஆலை 2011இல் மூடப்பட்டு, தயாரிப்பு நியூயார்க்கின் இலியனுக்குப் போனது. தேய்ந்த இயந்திரங்கள் வண்டியேறின, அவற்றின் குணமறிந்த கைகள் பின்தங்கிவிட்டன. இலியனின் தொடக்ககாலத் துப்பாக்கிகளுக்கு உரிமையாளரான ரெமிங்டனின் பெயரையும் கலந்து 'ரெம்லின்' என்று கேலிப் பெயரே வந்துவிட்டது. இன்றும் குழலில் பழைய ஆலையின் 'ஜேஎம்' என்ற சிறிய முத்திரை இருக்கிறதா என்று பார்த்துத்தான் பலர் பழைய மார்லினுக்கு விலை பேசுகிறார்கள். பின்னர் மார்லினை ரூகர் என்ற மற்றொரு துப்பாக்கி நிறுவனம் வாங்கி, வட கரோலினாவின் மேயோடனில் 2021 இறுதியில் புதிதாகத் தொடங்கியபோதுதான் நற்பெயர் மீண்டது. அதுவும் வேலைத்தரத்தால் வந்த பெயரே ஒழிய, ஊர் மாறியதால் வந்ததன்று.

மேரிவில் துப்பாக்கிகளில் அத்தகைய குறை இருப்பதாக நான் சொல்லவில்லை. ஆனால் பெருமளவில் தயாராகும் ஒரு கைத்துப்பாக்கி, முதல் ஆண்டுப் பொருள் என்பதற்காக மட்டும் அரிதாகிவிடாது. கிரீன் கார்டு வந்தபின் உள்ளூர்ப் பெருமைக்காக ஒன்றிரண்டு வாங்கி, பெட்டியும் ரசீதும் கசங்காமல் வைத்திருப்பது நியாயமான ஆசை. முதலீடு என்று மட்டும் கணக்குப் போடாதீர்கள். பழைய பொருள் சேகரிப்பாளருக்கான சிறப்பு உரிமமும் இதற்கு உதவாது, ஏனெனில் அது பெரும்பாலும் 50 ஆண்டு கடந்தவற்றுக்கே பொருந்தும்.

இப்போதைக்கு ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் பழைய விலைப்பட்டியல்களையும் விளம்பரத் தாள்களையும் காலி அட்டைப்பெட்டிகளையும் சேகரியுங்கள். அவற்றுக்கு எந்தத் தடையும் இல்லை. சுடுதளத்தில் கிடக்கும் வெற்றுத் தோட்டா உறையை மட்டும் நினைவுப்பொருளென்று பையில் போட்டுக்கொள்ளாதீர்கள், சட்டத்தின் வரையறையில் உறையும் தோட்டாவாகவே எண்ணப்படுகிறது.