மொரீஷியஸ் போன்ற சின்னத் தீவிலும் நகரத்து ஓட்டு, கிராமத்து ஓட்டு என்ற பிளவு உண்டா?

தமிழ்நாட்டிலிருந்து ஒரு நண்பர் கேட்டிருக்கிறார்: "வடக்கிலிருந்து தெற்கே காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடக்கூடிய தீவு உங்களுடையது. அங்கேயும் டவுன்காரர்கள் ஒரு பக்கம், கிராமத்துக்காரர்கள் ஒரு பக்கம் என்று ஓட்டுப் போடுகிறார்களாமே, ஏன்? கிராமத்து மக்கள் விவரம் தெரியாமல், காசுக்கு மயங்கி ஓட்டுப் போடுகிறார்கள் என்பது உண்மையா?"

முதல் கேள்விக்கு, ஆமாம், பிளவு உண்டு. இரண்டாவது உண்மை இல்லை. அந்தப் பேச்சை இங்கே கோவில் வளாகத்தில் நம்மவர்கள் வாயிலேயே கேட்டு மனம் நொந்திருக்கிறேன். நான் ஃப்ளாக் மாவட்டத்துக் கிராமத்தில் பிறந்தவன். இப்போது காத்ர்போர்ன் நகரத்தில் குடியிருக்கும் தமிழாசிரியர். இரண்டு பக்கத்துப் பேச்சும் தினமும் காதில் விழுவதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் வரைபடம். தீவில் 20 தொகுதிகள், ஒவ்வொன்றிலும் மூன்று உறுப்பினர்கள். ரொட்ரிக்ஸ் தீவுக்கு இரண்டு. ஆக நேரடித் தேர்தலில் 62 இடங்கள். ஒவ்வொரு வாக்காளரும் மூன்று பேருக்குக் குறி போட வேண்டும், இரண்டு போட்டால் செல்லாது. தொகுதிகளை நாங்கள் பெயர் சொல்லி அழைப்பதில்லை, நம்பர்தான். 1 முதல் 4 வரை தலைநகர் போர்ட் லூயிஸும் அதன் ஓரங்களும். 15 முதல் 20 வரை ரோஸ் ஹில், காத்ர்போர்ன், வாக்வா, கியூர்பிப் என்று மேட்டுநில நகரங்கள். நடுவில் 5 முதல் 14 வரை கரும்பும் கிராமமும். "அவர் நம்பர் அஞ்சில் நிற்கிறார்" என்று சொன்னால் போதும், எந்த மாதிரி ஊர், எந்தக் கட்சிக்கு அங்கே வேர் இருக்கிறது என்று கேட்பவருக்குப் புரிந்துவிடும்.

இந்தக் கோடு எப்படி விழுந்தது என்றால், கரும்பிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் தோட்டங்களைச் சுற்றிக் கிராமங்களில் நிலைத்தார்கள். துறைமுகம், கடை, குமாஸ்தா வேலை, பள்ளிக்கூடம் என்று மற்றதெல்லாம் நகரத்தில் இருந்தது. 1943 செப்டம்பர் 27ஆம் தேதி வடக்கே பெல் வ்யூ ஆரெல் தோட்டத்தில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள் மீது போலீஸ் சுட்டதில் இறந்தவர்களில் அஞ்சலை கூப்பன் ஒருவர், அப்போது கர்ப்பிணி. இன்று பெல் வ்யூவில் இருக்கும் விளையாட்டரங்கத்துக்கு அவர் பெயர்தான். அந்த அஞ்சலைக்கு ஓட்டு கிடையாது. சொத்தும் வருமானமும் உள்ளவர்களுக்கே ஓட்டு இருந்த காலம் அது. 1948 தேர்தலில்தான் கதவு திறந்தது. தமிழ் உட்பட இங்கே வழங்கும் மொழிகளில் ஏதாவது ஒன்றில் எளிய வாக்கியம் எழுதப் படிக்கத் தெரிந்தால் ஓட்டுண்டு என்றார்கள். வாக்காளர் எண்ணிக்கை சுமார் 12,000இலிருந்து சுமார் 72,000 ஆக உயர்ந்தது. பகலெல்லாம் கரும்பு வெட்டிவிட்டு இரவில் விளக்கு வெளிச்சத்தில் எழுத்துக் கூட்டிப் படித்து வாங்கிய ஓட்டு அது. விவரம் தெரியாதவர்கள் என்று அவர்களுடைய பேரப்பிள்ளைகளைப் பார்த்துச் சொல்கிறவர்கள் இதை ஒரு நிமிடம் நினைக்க வேண்டும்.

எல்லாருக்கும் ஓட்டு 1959இல் வந்தது. அப்புறம் 1967 ஆகஸ்ட் 7. சுதந்திரம் வேண்டுமா, வேண்டாமா என்பதே அந்தத் தேர்தலின் கேள்வியாக இருந்தது. தொழிலாளர் கட்சியின் கூட்டணி சுமார் 56 சதவீதம் வாங்கியது. சுதந்திரத்தை எதிர்த்த கெய்த்தான் துவாலின் பி.எம்.எஸ்.டி. கட்சி 44 சதவீதம். கிராமங்கள் பெரும்பாலும் சுதந்திரத்தின் பக்கம், நகரங்கள் பெரும்பாலும் எதிர்ப்பக்கம். நகரத்தில் இருந்த, ஆப்பிரிக்க வம்சாவளிக் கிரியோல் மக்களுக்கும் மற்ற சிறுபான்மையினருக்கும் வட இந்திய வம்சாவளி இந்துக்களின் ஆட்சியில் தங்களுக்கு என்ன கதி என்ற பயம். அந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன், அதற்குக் காரணங்கள் இருந்தன. ஆனால் நாடு பிறந்த அன்றே கிராமம் ஒரு நிறம், நகரம் ஒரு நிறம் என்று ஆகிவிட்டது. அதற்குப் பிறகு வந்த கட்சிகள் எல்லாம் அந்தக் கோட்டின் மேல்தான் கணக்குப் போட்டன.

எம்.எம்.எம். கட்சி அந்தக் கோட்டை அழிக்க வந்த கட்சி. 1969இல் தொடங்கி, 1970இல் தன் முதல் உறுப்பினரை எங்கிருந்து அனுப்பியது தெரியுமா? பிரதமர் சீவுசாகுர் ராம்கூலமின் சொந்தத் தொகுதியான நம்பர் 5, த்ரியோலேயிலிருந்து. இடைத்தேர்தலில் தேவ் வீரசாமி ஜெயித்தார். கட்சி நகரத்துத் துறைமுகத் தொழிலாளர்களிடம் வளர்ந்தது, முதல் வெற்றி கிராமத்தில் கிடைத்தது. 1982இல் அனிருத் ஜக்நாத்தைப் பிரதமர் வேட்பாளராக வைத்து, கூட்டணியுடன் ரொட்ரிக்ஸ் நீங்கலாகத் தீவின் 60 இடங்களையும் வென்றது. ஒரு வருடத்தில் கட்சி உடைந்தது. 1983இல் ஜக்நாத் தனியாக எம்.எஸ்.எம். என்ற கட்சியைத் தொடங்கி மற்றவர்களோடு சேர்ந்து நின்றபோது, பால் பெராஞ்செ தலைமையில் இருந்த எம்.எம்.எம். 46 சதவீத ஓட்டு வாங்கியும் நேரடியாக 19 இடங்களோடு நின்றது. கிராமத் தொகுதிகள் ஜக்நாத்தோடு போய்விட்டன. எம்.எம்.எம். கட்சியின் ஊதாக் கொடி அன்றிலிருந்து நகரத்துக் கொடி என்றே பேராகிவிட்டது.

இதையெல்லாம் சாதி, இனம் என்ற ஒரே வார்த்தையில் அடக்கிவிடுகிறார்கள். அது இல்லை என்று நான் சொல்லவில்லை. 2003 முதல் 2005 வரை இருந்த பெராஞ்செயைத் தவிர மற்ற பிரதமர்கள் எல்லாரும் ராம்கூலம், ஜக்நாத் என்ற இரண்டு குடும்பங்களிலிருந்து வந்தவர்கள், கிராமத் தொகுதிகளில் நின்றவர்கள். கட்சிகள் ஒவ்வொரு தொகுதியிலும் எந்தச் சமூகத்துக்கு எந்த டிக்கெட் என்று எண்ணித்தான் கொடுக்கின்றன. ஆனால் கிராமத்தில் வாழ்ந்து பார்த்தவனுக்கு வேறு ஒன்றும் தெரியும்.

என் சித்தப்பா வீடு கரும்புக் காட்டை ஒட்டிய சரிவில் இருக்கிறது. ஜனவரி, பிப்ரவரியில் பெருமழை பெய்தால் காட்டிலிருந்து செம்மண் தண்ணீர் நேராகச் சமையலறைக்குள் வரும். சித்தி வாசற்படியில் சாக்கு மூட்டை அடுக்கி வைத்துவிட்டு, அரிசியையும் மாவையும் மேசை மேல் ஏற்றிவிட்டுத்தான் படுப்பார். தெருவுக்கு ஒரு வடிகால் வேண்டும், அவ்வளவுதான். அதற்கு யாரைக் கேட்பது? கிராம சபைக்குப் பணமில்லை. ஆக, தொகுதி உறுப்பினரின் ஏஜென்ட்டைப் பிடிக்க வேண்டும். அவர் நோட்டில் பெயர் எழுதிக்கொள்வார். தேர்தலுக்கு முன்னால் இயந்திரம் வந்து பாதி தோண்டும். மீதி அடுத்த தேர்தலுக்கு. சித்தப்பாவுக்கு அரசாங்கம் என்றால் அந்த நோட்டு வைத்திருக்கும் மனிதர்தான். அவர் பேச்சைக் கேட்டு ஓட்டுப் போடுவதை அடிமைத்தனம் என்று சொல்லலாமா? வேறு வழி இருந்தால் சித்தப்பா அந்த வழியில் போயிருப்பார்.

நான் இப்போது இருக்கும் தெருவில் குப்பை லாரி கிழமை தவறாமல் வருகிறது. யாரையும் கேட்க வேண்டியதில்லை. அதனால் இங்கே இருப்பவர்கள் ஊழல், கருத்துச் சுதந்திரம், அரசியல் சட்டம் என்று பேச முடிகிறது. அந்தப் பேச்சு தேவைதான், நானும் அதில் கலந்துகொள்கிறேன். வடிகால் கிடைத்துவிட்டவர்களின் பேச்சு அது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

2014 தேர்தலில் முதியோர் பென்ஷனை 5,000 ரூபாயாக உயர்த்துவோம் என்று ஒரு கூட்டணி வாக்குக் கொடுத்தது. அப்போது அது 3,600 ரூபாய் சொச்சம். நகரத்தில் பலர் "காசுக்கு ஓட்டு" என்று முகம் சுளித்தார்கள். அந்த நேரத்தில் கிராமத்தில் என்ன நடந்துகொண்டிருந்தது? ஐரோப்பா நம் சர்க்கரைக்குக் கொடுத்த விலையை 2006 முதல் படிப்படியாக 36 சதவீதம் குறைத்துவிட்டது. ஆலைகள் ஒவ்வொன்றாக மூடி, சுதந்திரத்தின்போது இருபதுக்கு மேல் இருந்தவை இன்று மூன்றாகிவிட்டன. தோட்ட வேலையை விட்டு வந்தவர்கள் கையில் கிடைத்த தொகை வீட்டுக் கூரைக்கும் பிள்ளை படிப்புக்கும் போய்விட்டது. அப்படிப்பட்ட வீட்டில் மாதம் 1,400 ரூபாய் கூடுதலாக வருவது மருந்துச் செலவுக்கு ஆகும். தன் மருந்துச் செலவைக் கணக்குப் பார்த்து ஓட்டுப் போடுகிறவர் விவரமானவர் என்றுதான் நான் சொல்வேன்.

கிராமம் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுப் போடுகிறது என்பதற்கு எதிராக என்னிடம் இருக்கும் பெரிய சாட்சி நான்கு பிரதமர்கள். 1982இல் பதவியில் இருந்த சீவுசாகுர் ராம்கூலம் நம்பர் 5இல் தோற்றார். 1995இல் பதவியில் இருந்த அனிருத் ஜக்நாத் நம்பர் 7இல் தோற்றார். 2014இல் நவீன் ராம்கூலம், அதே நம்பர் 5இல். 2024இல் பிரவிந்த் ஜக்நாத் நம்பர் 8இல். நாலு பேருமே பிரதமராக இருக்கும்போதே, கோட்டை என்று நம்பிய கிராமத் தொகுதியில், தங்கள் பெயரைச் சொல்லி வளர்ந்த மக்களால் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள். ஏஜென்ட்டின் நோட்டில் பெயர் இருந்தவர்களும் அந்த நாளில் மாற்றித்தான் குத்தியிருக்கிறார்கள். உலகத்தில் எத்தனை நாட்டுக் கிராமங்கள் இதைச் செய்திருக்கின்றன?

1982, 1995, 2024 மூன்றிலும் தீவின் 60 இடங்களும் ஒரே பக்கம் போயின. அப்போது நகரம், கிராமம் என்ற கோடே இல்லை. 2024 தேர்தலுக்கு முன்னால் தொலைபேசி ஒட்டுக்கேட்புப் பதிவுகள் வெளிவந்ததும், சமூக ஊடகங்களை முடக்க உத்தரவு போட்டு மறுநாளே திரும்பப் பெற்றதும் நினைவிருக்கும். நகரத்துப் பிரச்சினை என்று நினைத்த அதைக் கிராமத்துப் பேருந்து நிறுத்தத்திலும் பேசிக்கொண்டார்கள். காலையில் ஃப்ளாக்கிலிருந்து பஸ் பிடித்து எபேன் சைபர் நகரத்துக் கண்ணாடிக் கட்டடத்தில் கணினி முன் உட்காரும் பெண் எந்த ஊர்க்காரி? வேலை நகரத்தில், ஓட்டு கிராமத்தில். அப்படிப்பட்டவர்கள் இப்போது வீட்டுக்கு ஒருவர்.

இன்னொரு தவறான எண்ணமும் உண்டு, கிராமத்துக்குத்தான் இங்கே அளவுக்கு மீறிய பலம் என்று. தொகுதி எண்ணிக்கையில் கிராமம் முக்கியம் என்பது சரி. ஆனால் போர்ட் லூயிஸின் நம்பர் 3இல் இருப்பதைப் போல இரண்டரை மடங்குக்கு மேல் வாக்காளர்கள் நம்பர் 5இலும் நம்பர் 14இலும் இருக்கிறார்கள். இரண்டுக்கும் அதே மூன்று உறுப்பினர்கள்தான். ஒரு த்ரியோலே வாக்காளரின் ஓட்டுக்கு நம்பர் 3 வாக்காளர் ஓட்டின் பாதி எடைகூட இல்லை. 2019இல் சுமார் 37 சதவீத ஓட்டோடு ஒரு கூட்டணி 62இல் 38 இடங்களைப் பிடித்தது. அதற்கு மும்முனைப் போட்டியும் இந்தத் தொகுதி முறையும் காரணம். பழி மட்டும் கிராமத்து மக்கள் மேல்.

நகரத்துக்கும் நியாயமான குறை உண்டு, அதையும் சொல்லாவிட்டால் நான் ஒருபக்கம் பேசியவனாவேன். கிராம சபைத் தேர்தல் 2020இல் நடந்தது. நகராட்சித் தேர்தலை 2015க்குப் பிறகு தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு 2025 மே 4ஆம் தேதிதான் நடத்தினார்கள். பத்து வருடம் ஓட்டு மறுக்கப்பட்ட பிறகு வாக்குச்சாவடிக்கு வந்தவர்கள் மிகவும் குறைவு. தோற்றுப்போகும் இடம் என்று தெரிந்து ஓர் அரசாங்கம் ஒரு பகுதி மக்களின் தேர்தலையே ஒத்திவைப்பது எனக்கு மிகவும் வருத்தம் தந்த விஷயம்.

தமிழர்கள் எந்தப் பக்கம் என்று கேட்பீர்கள். இரண்டு பக்கமும். ரோஸ் ஹில்லிலும் போர்ட் லூயிஸிலும் இருக்கிறோம், ஃப்ளாக்கிலும் இருக்கிறோம். தேர்தல் சட்டம் எங்களைத் தனிச் சமூகமாக எண்ணுவதில்லை, இந்து என்ற பிரிவில்தான் சேர்க்கிறது. அதனால் தமிழர் ஓட்டு என்று ஒன்றாகக் கட்டித் தூக்க முடியாது. காவடி நாளில் ஒரே வரிசையில் நடக்கிற அண்ணன் தம்பி தேர்தல் நாளில் வேறு வேறு நிறக் கொடியோடு நிற்பது எங்கள் குடும்பத்தில் மட்டும் இல்லை.

இனி என்ன ஆகும்? 2025 ஜூன் பட்ஜெட்டில் முதியோர் பென்ஷன் வயதை 60இலிருந்து படிப்படியாக 65 ஆக்குவதாக அறிவித்தார்கள். ரோஸ் ஹில்லில் தையல் வேலை செய்யும் அம்மாவுக்கும் ஃப்ளாக்கில் காய்கறி போடும் என் சித்தப்பாவுக்கும் அதில் ஒரே கோபம். அடுத்த தேர்தலைக் கவனிக்க நினைத்தால் நம்பர் 8ஐயும் 14ஐயும் பாருங்கள். அவற்றில் அடங்கிய மோக்காவிலும் தமரின் பக்கத்திலும் கரும்புக் காடு வீட்டுமனையாகி, நகரத்திலிருந்து குடும்பங்கள் குடிபெயர்ந்துகொண்டே இருக்கின்றன. பழைய கிராமத்தாரும் புதிதாக வந்தவர்களும் ஒரே பள்ளிக்கூடத்தில் வரிசையில் நின்று அதே மூன்று பேரைத் தேர்ந்தெடுக்கப்போகிறார்கள். கட்சிகள் அங்கே யாரை நிறுத்துகின்றன, வடிகாலைப் பற்றிப் பேசுகின்றனவா, ஊழலைப் பற்றிப் பேசுகின்றனவா என்பதிலிருந்து இந்தக் கோடு எவ்வளவு மங்கியிருக்கிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.