அந்த 40,000 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தீர்களா, தம்பி?

கேள்வி: எனக்கு 41 வயது. கரூரில் ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. பிடித்தம் போக மாதம் 58,000 ரூபாய் கைக்கு வருகிறது. வாடகை 9,000. பைக், ஃபோன், பழைய லோன் என்று இ.எம்.ஐ. 16,000. வீட்டுச் செலவுக்கு மனைவியிடம் 18,000 கொடுத்துவிடுவேன். அம்மாவின் மாத்திரை, இரண்டு பிள்ளைகள் எல்லாவற்றையும் அதற்குள் எப்படியோ சமாளித்துக்கொள்கிறாள். போன ஜூனில் ஸ்கூல் ஃபீஸுக்கு என்னிடம் பணம் இல்லாதபோது, ஏதோ சீட்டுப் பணம் என்று அவள்தான் 40,000 எடுத்துக் கொடுத்தாள். 15 வருஷமாக உழைத்தும் கையில் ஒன்றும் நிற்கவில்லை. பங்குச் சந்தை ஆப்ஷன் டிரேடிங்கில் 1,70,000 போய்விட்டது. என் முதலாளி கடன் வாங்கித்தான் பெரிய ஆளானார். ரிஸ்க் எடுக்காமல், அடுத்தவர் பணத்தைப் பயன்படுத்தாமல் யாரும் பணக்காரர் ஆனதில்லை என்று நினைக்கிறேன். 6 லட்சம் பர்சனல் லோன் எடுத்து, நண்பரோடு சேர்ந்து பைபாஸ் பக்கம் மனை வாங்கலாமா? இரண்டே வருஷத்தில் டபுள் ஆகும் என்கிறார். மகன் ஏழாவது, மகள் நாலாவது படிக்கிறார்கள். சம்பளக்காரன் முன்னுக்கு வரவே முடியாதா?

- கரூர் வாசகர்

பதில்:

மனையைப் பற்றி நீங்கள் கேட்டிருக்கிறீர்கள், அதற்கு வருகிறேன். அதற்கு முன்னால் நான் ஒன்று கேட்க வேண்டும். போன ஜூனில் உங்கள் மனைவி எடுத்துக் கொடுத்த 40,000 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தீர்களா?

கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கொடுத்திருந்தால் எழுதியிருப்பீர்கள். பைக் தவணையை எழுதியிருக்கிறீர்கள், ஃபோன் தவணையை எழுதியிருக்கிறீர்கள். அந்த நிறுவனங்களுக்கு மாதம் தவறாமல் கட்டுகிறீர்கள், தவறினால் அபராதம் போடுவார்கள், வீட்டுக்கு ஆள் வரும். வட்டியும் கேட்காமல், கையெழுத்தும் வாங்காமல், ஃபீஸ் கட்ட வேண்டிய நேரத்தில் உங்கள் மானத்தைக் காப்பாற்றியவளின் கடன் மட்டும் கணக்கிலேயே வரவில்லை. அடுத்தவருடைய நிறுவனத்தில் ஒரு ரூபாய் உதைத்தாலும் கண்டுபிடித்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புகிறவர் நீங்கள். சொந்த வீட்டில் 40,000 எங்கிருந்து வந்தது என்று கேட்கக்கூடத் தோன்றவில்லையா?

நான் சொல்கிறேன், எங்கிருந்து வந்தது என்று. ஐந்து பேர் சாப்பிடும் வீடு. அரிசி மூட்டை, பால், சிலிண்டர், கரண்ட் பில், பிள்ளைகளின் நோட்டு, உங்கள் அம்மாவின் பிரஷர் மாத்திரையோ சர்க்கரை மாத்திரையோ, இத்தனையும் அந்த 18,000-க்குள். அதற்குள் மாதம் ஒரு 2,000 ரூபாயை அவள் தனியாக எடுத்து வைத்தால்தான் 20 மாதத்தில் 40,000 சேரும். ஏலச் சீட்டில் பாதியில் எடுத்தால் முழுத் தொகை வராது. குறைத்துக் கேட்டவருக்குத்தான் சீட்டு. முழுசாக 40,000 வந்திருக்கிறதென்றால் கடைசிவரை பொறுத்திருக்கிறாள், அல்லது அதைவிடப் பெரிய சீட்டைக் கட்டிக்கொண்டிருக்கிறாள். எதற்காகச் சேர்த்தாளோ, அது அன்றைக்குப் போயிற்று. ஒரு வளையலாக இருக்கலாம், மகளுக்கு ஒரு தோடாக இருக்கலாம், உங்களிடம் சொல்லாத ஒரு வைத்தியமாகக்கூட இருக்கலாம். நீங்கள் கேட்கவில்லை, அதனால் உங்களுக்குத் தெரியாது.

இப்போது உங்கள் கணக்கைப் பார்ப்போம். 58,000-ல் வாடகை 9,000, தவணை 16,000, வீட்டுச் செலவு 18,000 போனால் மீதி 15,000. அது எங்கே போகிறது? கடிதம் முழுக்கத் தேடினேன், இல்லை. வருஷத்துக்கு 1,80,000 ரூபாய். டிரேடிங்கில் விட்டதும் கிட்டத்தட்ட அதே தொகை. 18,000-ல் ஒன்பதில் ஒரு பங்கை மிச்சம் பிடிப்பவளைப் பற்றி "எப்படியோ சமாளிக்கிறாள்" என்று ஒரு வரி. மீதியான 15,000-க்குக் கணக்கே இல்லாதவருக்கு ரிஸ்க் எடுக்கும் ஆசை. உங்கள் வீட்டில் சொத்துச் சேர்க்கத் தெரிந்த ஆள் யார் என்று இன்னுமா புரியவில்லை?

ரிஸ்க் எடுத்தால்தான் பணம் வரும் என்ற நம்பிக்கையை வைத்து எனக்கு வரும் கடிதங்கள் கொஞ்சமல்ல. பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வில், பங்குச் சந்தையின் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் பிரிவில் இறங்கிய தனிநபர்களில் 100-க்கு 93 பேர் மூன்று நிதியாண்டுகளில் நஷ்டப்பட்டிருக்கிறார்கள். நஷ்டப்பட்டவர்கள் சராசரியாக ஆளுக்குச் சுமார் 2 லட்சம் விட்டிருக்கிறார்கள். நீங்கள் 1,70,000 விட்டீர்கள். உங்களுக்கு மட்டும் நேரம் சரியில்லை என்று நினைக்காதீர்கள். விட்டதைப் பிடிக்க மறுபடி உள்ளே போவதை மட்டும் இன்றோடு நிறுத்துங்கள்.

அடுத்தது உங்கள் முதலாளி. அவர் கடன் வாங்கித்தான் வளர்ந்தார், உண்மை. ஆனால் அது என்ன கடன் என்று ஊரில் யாருக்குத் தெரியாவிட்டாலும் கணக்குப் பிரிவில் இருக்கும் உங்களுக்குத் தெரிய வேண்டும். வெளிநாட்டுக்காரர் பெட்ஷீட்டுக்கு ஆர்டர் கொடுக்கிறார். அந்த ஆர்டரை வைத்து, சரக்கைத் தயாரித்து அனுப்ப வங்கி பேக்கிங் கிரெடிட் என்ற கடனைத் தருகிறது. நூல் வருகிறது, தறி ஓடுகிறது, தைத்து, பெட்டி கட்டி, கப்பலேறுகிறது. சில மாதங்களில் வாங்கியவரின் பணம் வந்து அந்தக் கடனை அடைக்கிறது. கடன் வாங்கும்போதே அதைத் திருப்பிக் கட்டப்போகும் ஆள் யார் என்று தெரிந்திருக்கிறது. அப்படியும் ஆபத்து இல்லாமல் இல்லை. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் சரக்குக்கு வரியை 50 சதவீதமாக்கியபோது எத்தனை ஆர்டர் நின்றது என்று என்னைவிட உங்களுக்குத் தெரியும். உங்கள் 6 லட்சத்தைத் திருப்பிக் கட்டப்போவது யார்? உங்கள் சம்பளம். வேறு யாரும் இல்லை. இரண்டையும் ஒரே பெயரில் கடன் என்று சொல்லி, ஒன்றைப் பார்த்து மற்றதற்குத் துணிவது தப்பு.

அந்த 6 லட்சத்தை 14 சதவீத வட்டியில் ஐந்து வருஷத்துக்கு எடுத்தால் மாதத் தவணை சுமார் 13,960. மொத்தம் கட்டுவது 8 லட்சத்து 37 ஆயிரத்துக்கு மேல். பழைய 16,000-ஐயும் சேர்த்தால் தவணை மட்டும் 30,000-ஐத் தொடுகிறது. வாடகையும் வீட்டுச் செலவும் போக உங்கள் கையில் நிற்பது ஆயிரம் ரூபாய். அடுத்த ஜூன் வரும், தம்பி. மறுபடி ஸ்கூல் ஃபீஸ் வரும். அப்போது யார் கொடுப்பார்கள்? மறுபடி அவள் சீட்டுத்தான். அடுத்தவர் பணத்தைப் பயன்படுத்தி முன்னுக்கு வரவேண்டும் என்று எழுதியிருந்தீர்களே, அந்த அடுத்தவர் உங்கள் மனைவி. நீங்கள் ஏற்கெனவே அதைத்தான் செய்துகொண்டிருக்கிறீர்கள்.

இரண்டு வருஷத்தில் டபுள் என்றால் வருஷத்துக்கு 41 சதவீதம் ஏற வேண்டும். அப்படி ஏறும் மனையை உங்கள் நண்பர் ஏன் உங்களோடு பங்கு போடுகிறார்? டபுள் என்ற வார்த்தைக்கு உங்கள் ஊரைச் சுற்றியே சாட்சி இருக்கிறது. திருப்பூரில் 2009-ல் அந்நியச் செலாவணி முதலீடு என்று ஒரு நிறுவனம் பல நூறு கோடியோடு விழுந்தது. பெருந்துறையில் 2012-ல் ஈமு கோழி வளர்ப்புத் திட்டம். இவையெல்லாம் மோசடி, நிலம் அப்படியில்லை என்பீர்கள். சரி, மோசடி இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். 1926-ல் உங்கள் ஊரிலேயே தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கி, 2020 நவம்பரில் டி.பி.எஸ். வங்கியோடு இணைக்கப்பட்டது. டெபாசிட் போட்டவர்களின் பணம் பத்திரமாக இருந்தது. பங்கு வைத்திருந்தவர்களின் பங்கு ஒன்றுமில்லாமல் போயிற்று. நம்ம ஊர் பேங்க், போகவே போகாது என்றுதான் வைத்திருந்தார்கள். எதுவும் போகும். போனாலும் வீடு நிற்கும் அளவுக்குத்தான் ஒரு குடும்பஸ்தன் துணியலாம்.

மனையே வாங்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. சொந்தச் சேமிப்பில், டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்புத் துறை) அங்கீகாரம், தாய்ப் பத்திரம், வில்லங்கச் சான்று எல்லாம் பார்த்து ஒருநாள் வாங்குங்கள். பத்திரச் செலவே தமிழ்நாட்டில் 9 சதவீதம், அதையும் கணக்கில் வையுங்கள். நண்பரோடு கூட்டுப் பத்திரம் வேண்டாம். அவர் விற்க நினைக்கும்போது நீங்கள் நினைக்கமாட்டீர்கள். 2025 ஏப்ரலிலிருந்து, 10 லட்சம் ரூபாய் மதிப்புவரையிலான சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. சலுகை இல்லாவிட்டாலும் அவள் பெயரில்தான் பதியச் சொல்லியிருப்பேன்.

2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. கணவர் சவுதியில் வருஷக்கணக்கில் சம்பாதித்தார், மனைவி ஊரில் இருந்து வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டார். கணவர் வருமானத்தில் வாங்கிய சொத்தில் மனைவிக்கும் சம பங்கு உண்டு, அவள் வீட்டைப் பார்த்துக்கொண்டதால்தான் அவரால் சம்பாதிக்க முடிந்தது என்றது நீதிமன்றம். அந்தத் தீர்ப்பைப் படித்தபோது இதைச் சொல்ல இத்தனை காலமா என்றுதான் எனக்குத் தோன்றியது. உங்கள் அம்மாவைப் பார்த்துக்கொள்வது உங்கள் கடமை. அந்த மாத்திரைச் செலவை மனைவியின் 18,000-க்குள் தள்ளிவிட்டீர்கள். அந்தக் கடமையை உங்களுக்காக அவள் செய்துகொண்டிருக்கிறாள். அவளிடம் கேட்காமல் 6 லட்சத்துக்குக் கையெழுத்துப் போட உங்களுக்கு உரிமை கிடையாது. வங்கி கேட்காது, சட்டம் கேட்காது, நான் கேட்கிறேன்.

இந்த ஞாயிற்றுக்கிழமை சம்பளச் சீட்டு, தவணைக் கணக்கு, டிரேடிங் நஷ்டம் மூன்றையும் அவள் முன்னால் வையுங்கள். நஷ்டத்தை அவளிடம் சொல்லியிருக்கிறீர்களா என்பதே எனக்குச் சந்தேகம். திட்டுவாள், கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு அவள் சீட்டைப் பற்றிக் கேளுங்கள், அதிகாரமாக வேண்டாம். பதிவு செய்த சீட்டா, தெருவில் ஒருவர் நடத்துவதா என்று தெரிந்துகொள்ளுங்கள். 1982-ன் சிட்ஃபண்ட் சட்டப்படி பதிந்த சீட்டில் நடத்துபவரின் கமிஷன் 7 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, ஓடிப்போனால் கேட்க இடம் இருக்கிறது. பதியாததாக இருந்தால் இது முடிந்ததும் பதிந்த சீட்டுக்கு மாறச் சொல்லுங்கள். இதைச் சாக்காக வைத்து அந்தப் பணத்தை உங்கள் கைக்கு வாங்கிவிடாதீர்கள்.

கணக்கில் வராத 15,000-ல் மாதம் 5,000 அவளுக்கு. எட்டு மாதத்தில் 40,000 அடைந்துவிடும். வேண்டாம் என்பாள், கொடுங்கள். இன்னொரு பங்கில் உங்கள் பெயரில் ஒரு டெர்ம் பாலிசி, அதாவது ஆயுள் காப்பீடு. 41 வயதில், இத்தனை பேர் உங்களை நம்பியிருக்கும்போது, கடிதத்தில் காப்பீடு பற்றி ஒரு பேச்சும் இல்லாதது எனக்குப் பதற்றமாக இருக்கிறது. பாலிசி எடுக்கும்போதே 1874-ன் திருமணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின் கீழ் வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். பிறகு சேர்க்க முடியாது. அப்படி எடுத்த தொகை மனைவிக்கும் பிள்ளைகளுக்கும்தான். உங்கள் கடன்காரர்கள் அதில் கை வைக்க முடியாது.

மகள் நாலாவது என்றால் ஒன்பது வயதிருக்கும். பத்து வயது நிறைவதற்குள் தபால் நிலையத்தில் செல்வமகள் கணக்கைத் தொடங்கிவிடுங்கள், 2024 ஜனவரியிலிருந்து வட்டி 8.2 சதவீதம். பத்து தாண்டினால் தொடங்க முடியாது. 40,000 அடைந்தபின் அந்த 5,000-ஐ மாதாமாதம் பி.பி.எஃப். என்ற பொது வருங்கால வைப்பு நிதியில் போடுங்கள். 7.1 சதவீதத்தில் 15 வருஷத்தில் நீங்கள் போட்ட 9 லட்சம் கிட்டத்தட்ட 15 லட்சத்து 78 ஆயிரமாக நிற்கும், உங்களுக்கு அப்போது 56 வயது தாண்டியிருக்கும். சம்பளக்காரன் முன்னுக்கு வர முடியுமா என்று கேட்டீர்கள். வரலாம், மெதுவாக. உங்கள் வீட்டில் ஒருத்தி இந்த வேகத்தில்தான் வந்துகொண்டிருக்கிறாள்.

அந்த நண்பரிடம் என்ன சொல்வது என்று தயங்குவீர்கள். "வீட்டில் வேண்டாம் என்கிறாள்" என்று பழியை மனைவி தலையில் போட்டுவிட்டுத் தப்பிக்காதீர்கள். நம் ஆண்கள் முக்கால்வாசிப் பேர் அதைத்தான் செய்கிறார்கள். எனக்கு ஏற்கெனவே கடன் இருக்கிறது, என்னால் முடியாது என்று உங்கள் வாயால் சொல்லுங்கள்.