ஆப்ஜெக்ட்டா, காம்ப்ளிமென்ட்டா? வெர்பிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: குடியாத்தத்தில் இருக்கிறோம். மகள் பத்தாவது படிக்கிறாள். இங்கிலீஷ் பேப்பரில் ஒரு வாக்கியம் கொடுத்து அது எஸ்.வி.ஓ.வா (சப்ஜெக்ட், வெர்ப், ஆப்ஜெக்ட்), எஸ்.வி.சி.யா (சப்ஜெக்ட், வெர்ப், காம்ப்ளிமென்ட்) என்று கேட்டால் குத்துமதிப்பாக எழுதிவிட்டு வருகிறாள். ஆப்ஜெக்ட், காம்ப்ளிமென்ட், அட்ஜங்ட் மூன்றும் அவளுக்கு ஒன்றாகவே தெரிகிறது. நான் தமிழ் மீடியத்தில் பன்னிரண்டாவது முடித்தவள். வீட்டில் நானே சொல்லித்தர முடியுமா?

பதில்: தாராளமாக முடியும். எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் தெரிந்தவருக்குப் பாதிப் பாடம் ஏற்கெனவே தெரியும். தமிழும் இங்கிலீஷும் எந்த இடத்தில் பிரிகின்றன என்பதுதான் மீதிப் பாதி.

முதல் நாள் மூன்று துண்டுக் காகிதம் போதும். 'மணி', 'நாயை', 'துரத்தினான்' என்று எழுதி மகளிடம் கொடுத்து, இஷ்டத்துக்கு மாற்றி அடுக்கச் சொல்லுங்கள். 'நாயை மணி துரத்தினான்' என்று வைத்தாலும் ஓடுவது நாய்தான். 'ஐ' என்ற உருபு நாயோடு ஒட்டிக்கொண்டு போவதால் பொருள் மாறவில்லை. இப்போது 'மணி', 'சேஸ்டு', 'தி டாக்' என்று இங்கிலீஷில் எழுதிய மூன்று துண்டுகள். முதலையும் கடைசியையும் இடம் மாற்றினால் 'தி டாக் சேஸ்டு மணி' ஆகிவிடும், ஓடுவது மணி. இங்கிலீஷில் பெயர்ச்சொல்லோடு இந்த 'ஐ' போன்ற உருபு ஒட்டுவதில்லை, அது நிற்கும் இடம்தான் உருபின் வேலையைச் செய்கிறது. சாதாரணச் செய்தி வாக்கியத்தில் வெர்புக்கு, அதாவது வினைச்சொல்லுக்கு, முன்னால் நிற்பது சப்ஜெக்ட், நம் எழுவாய். பின்னால் நிற்பது என்ன என்பதில்தான் உங்கள் மகள் தடுமாறுகிறாள்.

அதற்கு வெர்ப் எது என்று முதலில் தெரிய வேண்டும். 'தி ஓல்ட் மேன் சிட்டிங் நியர் தி ஃபோர்ட் கேட் செல்ஸ் குவாவாஸ்' என்று கொடுத்தால் பல பிள்ளைகள் 'சிட்டிங்'குக்குக் கீழே கோடு போட்டுவிடுவார்கள். வாக்கியத்தை நேற்றைக்கு மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். 'செல்ஸ்' என்பது 'சோல்டு' ஆகும், 'சிட்டிங்' அப்படியே இருக்கும். காலத்துக்கு ஏற்ப எது மாறுகிறதோ அதுதான் வெர்ப். அதற்கு முன்னால் உள்ளது முழுவதையும் தூக்கிவிட்டு 'ஹீ' போடலாம்: 'ஹீ செல்ஸ் குவாவாஸ்'. ஆக, கோட்டை வாசலில் உட்கார்ந்திருக்கும் கிழவர் என்ற அந்த நீளமான பகுதி மொத்தமும் ஒரே சப்ஜெக்ட்.

இனி வெர்புக்குப் பின்னால். இரண்டு வாக்கியங்களைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள்: 'ஹீ மெட் எ டாக்டர்', 'ஹீ பிகேம் எ டாக்டர்'. பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். முதலாவதில் அவர் வேறு, டாக்டர் வேறு. இரண்டாவதில் அவரேதான் டாக்டர். வேறு ஆளாக, வேறு பொருளாக இருந்தால் ஆப்ஜெக்ட், நம் செயப்படுபொருள். சப்ஜெக்ட்டையே திரும்பச் சொன்னால், அல்லது அது எப்படி இருக்கிறது என்று சொன்னால் காம்ப்ளிமென்ட். 'வேலூர் இஸ் ஹாட்', 'தி ஃபோர்ட் லுக்ஸ் பியூட்டிஃபுல்' எல்லாம் எஸ்.வி.சி. சந்தேகம் வந்தால் பாஸிவ் வாய்ஸுக்கு மாற்றிப் பார்க்கலாம். 'எ டாக்டர் வாஸ் மெட் பை ஹிம்' என்று சொல்ல வரும். 'பிகேம்' வாக்கியத்தை அப்படித் திருப்பவே முடியாது.

தமிழில் 'ஐ' வருகிறதா என்று பார்த்து ஆப்ஜெக்ட்டைப் பிடிக்கலாமே என்று தோன்றும். முழுக்க நம்பாதீர்கள். 'பழம் சாப்பிட்டான்' என்கிறோம், 'ஐ' மறைந்துவிடுகிறது.

அட்ஜங்ட் என்பது எங்கே, எப்போது, எப்படி, ஏன் என்ற கேள்விகளுக்கு வரும் பதில். 'தி ட்ரெயின் ஸ்டாப்ஸ் அட் காட்பாடி' என்பதில் 'எதை?' என்று கேட்டால் பதிலே இல்லை. 'எங்கே?' என்று கேட்டால் காட்பாடி. அதனால் எஸ்.வி.ஏ., கடைசி எழுத்து அட்ஜங்ட்டுக்கு. 'ஹீ வென்ட் ஹோம்' என்பதும் இதே வகை. 'ஹோம்' பெயர்ச்சொல் போலத் தெரிவதால் ஆப்ஜெக்ட் என்று எழுதி மார்க்கை விட்டுவிடுகிறார்கள்.

வெர்புக்குப் பின்னால் இரண்டு பெயர்கள் வந்தாலும் இதே சோதனைதான், கொஞ்சம் தள்ளி. 'ஷீ மேட் ஹிம் டீ' என்றால் அவன் டீ ஆகிவிடவில்லை. யாருக்கு என்பது இன்டைரக்ட் ஆப்ஜெக்ட், எதை என்பது டைரக்ட் ஆப்ஜெக்ட், ஆக இது எஸ்.வி.ஐ.ஓ.டி.ஓ. 'தே மேட் ஹிம் கேப்டன்' என்றால் அவனே கேப்டன், இது எஸ்.வி.ஓ.சி.

எழுதும்போது வரும் பிழைகளில் பெரும்பாலானவை தமிழில் யோசிப்பதால் வருபவை. 'அவர் டீச்சர்' என்பது தமிழில் முழு வாக்கியம், வினைச்சொல்லே வேண்டாம். இங்கிலீஷில் 'இஸ்' இல்லாமல் நிற்காது. இதைப் பிள்ளைக்குச் சொல்லாமல் 'இஸ் போடு, ஆம் போடு' என்று மட்டும் அதட்டினால், அடுத்த நாளே 'ஐ ஆம் கோ' என்று எழுதுவாள். ஏற்கெனவே 'கோ' இருக்கும்போது 'ஆம்' எதற்கு என்று அவளையே கேளுங்கள். அதேபோல 'வந்தேன்' என்றாலே 'நான்' உள்ளே இருக்கிறது. இங்கிலீஷ் வெர்பில் அது இல்லாததால் 'ஐ கேம்' என்று தனியாக எழுத வேண்டும். கட்டளை வாக்கியம் மட்டும் விதிவிலக்கு: 'ஓபன் தி டோர்' என்பதில் 'யூ' மறைந்திருக்கிறது.

வினா வாக்கியத்தில் தமிழ்ச் சொல்வரிசை மாறுவதில்லை, 'நீ எங்கே போனாய்?' அவ்வளவுதான். அந்தப் பழக்கத்தில் 'வேர் யூ வென்ட்?' வருகிறது. 'வேர் டிட் யூ கோ?' என்பதில் 'டிட்' முன்னால் வந்து இறந்த காலத்தையும் எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் 'வென்ட்' மறுபடி 'கோ' ஆகிறது. உணர்ச்சி வாக்கியத்துக்கு ஒரு வரி போதும்: பெயர்ச்சொல்லோடு என்றால் 'வாட்', பண்புச்சொல்லோடு மட்டும் என்றால் 'ஹவ்'.

வாக்கியம் சிம்பிளா, காம்பவுண்டா, காம்ப்ளெக்ஸா என்று கேட்கும் கேள்வியிலும் காலம் காட்டும் வெர்புகளை எண்ணினால் பாதை தெரியும். 'இன் ஸ்பைட் ஆஃப் தி ரெய்ன், வி வென்ட் அவுட்' என்பதில் ஒன்றுதான், எனவே சிம்பிள். 'இட் ரெய்ன்டு, பட் வி வென்ட் அவுட்' என்பதில் இரண்டு, இரண்டும் தனித்தனியே நிற்கும், காம்பவுண்ட். 'தோ இட் ரெய்ன்டு, வி வென்ட் அவுட்' என்பதில் முதல் பாதி தனியே நிற்காது, காம்ப்ளெக்ஸ். 'மழை பெய்தாலும் போனோம்' என்று எச்சத்தை வைத்து ஒரே முற்றில் முடித்துப் பழகியவர்கள் நாம். அதனால் சந்தேகத்துக்கு 'தோ'வையும் 'பட்'டையும் சேர்த்தே போட்டுவிடுகிறோம். இரண்டில் ஒன்றுதான் வர வேண்டும்.

தினமும் பாடப்புத்தகத்து உரைநடையிலிருந்து ஐந்து வாக்கியம் எடுங்கள், நோட்ஸ் வேண்டாம். முதலில் வெர்புக்கு வட்டம், பிறகு கேள்விகள். இரண்டு வாரம் கழித்து 'காட்' என்ற ஒரே வெர்பை வைத்து இந்த ஐந்தையும் கொடுத்துப் பாருங்கள்: 'ஷீ காட் எ லெட்டர்', 'ஷீ காட் ஆங்ரி', 'ஷீ காட் ஹோம்', 'ஷீ காட் ஹிம் எ ஷர்ட்', 'ஷீ காட் ஹிம் ரெடி'. விடை வரிசையாக எஸ்.வி.ஓ., எஸ்.வி.சி., எஸ்.வி.ஏ., எஸ்.வி.ஐ.ஓ.டி.ஓ., எஸ்.வி.ஓ.சி. விடையை மட்டும் கேட்டு விட்டுவிடாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் எந்தக் கேள்வி கேட்டுக் கண்டுபிடித்தாள் என்பதையும் சொல்லச் சொல்லுங்கள்.